குணமும் கொடையும்: யூத அறமரபில் சமூகத் தொண்டு

முன்னுரை

சிங்கப்பூரின் ஆக்ஸ்லி ரைஸ் சாலையில் மனாசே மேயர் என்னும் வணிகர் 1905ஆம் ஆண்டில் எழுப்பிய யூதத் தொழுகைக் கூடத்தின் பெயர் ஹெசெத்-எல். 'எல்' என்பது இறைவனைக் குறிக்கும் எபிரேயச் சொல். 'ஹெசெத்' என்பதைத் தமிழில் எவ்வாறு சொல்வது? தமிழ் விவிலிய மொழிபெயர்ப்பாளர்கள் இடத்திற்கேற்பக் கிருபை, தயவு, இரக்கம் எனப் பல சொற்களை ஆண்டுள்ளனர். இவை அனைத்தும் உள்ளத்தில் எழும் உணர்வையே முதன்மையாகச் சுட்டுவன. எபிரேய வழக்கிலோ ஹெசெத் உணர்வோடு நின்றுவிடுவதில்லை. ஒருவர் எழுந்து சென்று பிறருக்குச் செய்யும் செயலையும் அச்சொல்லே குறிக்கும்.

நல்ல குணம் உடையவர் கொடுக்கிறார் என்பது நமக்குப் பழகிய எண்ணம். யூத அறநூலார் பலர் இதனைத் திருப்பி வைத்துச் சிந்தித்தனர். கொடுத்துக் கொடுத்தே ஒருவர் அக்குணத்தை அடைகிறார் என்பது அவர்தம் கொள்கை. அக்கொள்கையையும், அது எழுப்பும் ஓர் இடர்ப்பாட்டையும், யூதச் சமூகத்தின் தொண்டு அமைப்புகள் அதனை எதிர்கொண்ட முறையையும் இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

சொற்களும் பொருளும்

குணத்தைக் குறிக்கும் எபிரேயச் சொல் 'மிதா'. அதன் பன்மை 'மிதோத்'. அச்சொல்லின் முதற்பொருள் 'அளவு' என்பதாகும். சினம், நாணம், பணிவு, ஈகை முதலியன எல்லாரிடத்தும் உள்ளன. எந்த அளவில் உள்ளன என்பதே ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது என்ற கருத்து இச்சொல்லுக்குள்ளேயே அடங்கியுள்ளது. அளவாக இருப்பதைக் கூட்டவும் குறைக்கவும் இயலும். குணப்பயிற்சி என்ற எண்ணம் இங்கிருந்தே தோன்றுகிறது.

வறியவருக்குக் கொடுப்பதைக் குறிக்கும் 'செதாக்கா' என்னும் சொல் நீதியைக் குறிக்கும் வேரிலிருந்து பிறந்தது. ஆகவே அது கொடுப்பவரின் பெருந்தன்மை அன்று. செலுத்த வேண்டிய கடமை. கொடை பெற்று வாழ்பவரும் தம்மினும் வறியவருக்குச் சிறிதேனும் கொடுத்தாக வேண்டும் என்று யூதச் சட்டம் விதிப்பதன் காரணமும் இதுவே. மாணவர்க்கு இச்சொல்லைத் 'தருமம்' என்று பொருள் கூறிக் கடந்துவிட்டால் இந்த நுட்பம் மறைந்துவிடும்.

செதாக்காவினும் ஹெசெத்தைச் செய்தலாகிய 'கெமிலூத் ஹசாதிம்' உயர்ந்தது என்று பாபிலோனியத் தல்மூத் கருதுகிறது. முன்னது பொருளால் மட்டும் செய்யப்படுவது. பின்னது பொருளாலும் உடலுழைப்பாலும் செய்யப்படுவது. முன்னது வறியவருக்கு உரியது. பின்னது செல்வருக்கும் உரியது. முன்னது உயிரோடிருப்பவருக்கு, பின்னது இறந்தவருக்கும். நோயாளியைக் காணச் செல்லுதல், துயருற்றோரைத் தேற்றுதல், மணமக்களை மகிழ்வித்தல், பிணம் அடக்குதல் ஆகிய அனைத்தும் இதனுள் அடங்கும். திருக்குறளில் ஒப்புரவறிதலும் ஈகையும் தனித்தனி அதிகாரங்களாக நிற்பதை அறிந்த நம் மாணவர்க்கு இத்தகைய பகுப்பு விளங்காதது அன்று. ஆயினும் அவ்விரண்டு பகுப்புகளும் ஒன்றே எனக் காட்டுவது இங்கு நோக்கமன்று.

ஆயிரம் பொற்காசுகள்

குணமும் செயலும் பற்றிய கொள்கையைத் தெளிவாக வகுத்தவர் மைமோனிடீஸ் (1138–1204). ஸ்பெயினின் கோர்தொபா நகரில் பிறந்து எகிப்தின் ஃபுஸ்தாத்தில் வாழ்ந்த இவருக்கு இந்தியக் கடலோடு துயரமான தொடர்பொன்று உண்டு. இந்திய வாணிகத்தின் பொருட்டுக் கடலேறிய இவருடைய தம்பி தாவீது அக்கடலிலேயே மூழ்கி மாண்டார். பயணத்தின் இடையில் தாவீது தமையனுக்கு எழுதிய மடல் கெய்ரோ கெனீசா எனப்படும் பழஞ்சுவடித் தொகுதியில் கிடைத்துள்ளது.

1168இல் நிறைவுற்ற தம் மிஷ்னா உரையில் மைமோனிடீஸ் ஒரு வினாவை ஆராய்கிறார். ஒருவரிடம் ஆயிரம் பொற்காசுகள் உள்ளன. அவற்றை ஒரே வறியவருக்கு ஒரே முறையில் கொடுத்துவிடுவது சிறந்ததா, ஒவ்வொரு காசாக ஆயிரம் முறை கொடுப்பது சிறந்ததா? பின்னதே சிறந்தது என்பது அவர் முடிபு. ஒருமுறை கொடுத்தவரின் உள்ளம் ஒருமுறை அசைந்து மீண்டும் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். ஆயிரம் முறை கை திறந்தவருக்கோ ஈகை இயல்பாகிவிடும். குணத்தை வளர்ப்பது செயலின் பெருமை அன்று. அதன் எண்ணிக்கையே என்பது இதன் சாரம்.

கிரேக்க மெய்யியலாரின் சாயல் இதில் உண்டு என்பதை ஆய்வாளர்கள் பலகாலும் சுட்டியுள்ளனர். அதனினும் இன்றியமையாத ஐயம் ஒன்று இங்கு எழுகிறது. ஆயிரம் காசுகளையும் ஒருங்கே பெற்றால் ஒரு குடும்பம் கடன் தீர்ந்து நிமிர்ந்திருக்கக்கூடும். ஒவ்வொரு காசு பெற்ற ஆயிரம் பேருக்கும் அன்றைய உணவு மட்டுமே கிடைக்கிறது. கொடுப்பவரின் குணம் வளர்வதற்காகப் பெறுபவர் பயிற்சிக் கருவியாக ஆகிவிடுகிறாரா? குணநலன்களைப் போற்றும் எந்த அறமரபும் இவ்வினாவிலிருந்து எளிதில் தப்ப இயலாது.

மைமோனிடீஸ் பின்னர் இயற்றிய சட்டத் தொகுப்பாகிய மிஷ்னே தோராவில் ஒருவகை விடை இருப்பதாகக் கொள்ளலாம். அதில் கொடையை அவர் எட்டுப் படிகளாக வகுக்கிறார். மனமின்றிக் கொடுப்பது கடைப்படி. கேட்டபின் கொடுப்பதும் கேளாமுன் கொடுப்பதும் அதற்கு மேற்பட்டவை. கொடுப்பவரும் பெறுபவரும் ஒருவரை ஒருவர் அறியாத கொடை இரண்டாம் படி. எல்லாவற்றுக்கும் மேலான முதற்படி யாது? ஒருவர் வீழ்ந்துவிடுமுன் கடனாகவோ, கூட்டு வணிகமாகவோ, வேலையாகவோ உதவி அவரைத் தாமே நிற்கச் செய்தல். இந்த வரிசையை ஊன்றி நோக்கினால், மேலே செல்லச் செல்லக் கொடுப்பவர் கண்ணுக்குப் படாமல் மறைந்துகொண்டே போவது புலனாகும். மிஷ்னா உரையில் கொடுப்பவரின் கையை நோக்கியவர், சட்டத் தொகுப்பில் பெறுபவரின் முகத்தை நோக்குகிறார்.

முகம் வாடாமை

பெறுபவரின் நாணத்தைக் காப்பது யூதத் தொண்டு மரபின் உயிர்நாடி. எருசலேம் ஆலயத்தில் 'மறைவோர் அறை' என்று பொருள்படும் அறை ஒன்று இருந்ததாக மிஷ்னா கூறுகிறது. கொடுப்போர் அதில் மறைவாக வைத்துச் செல்வர். நல்ல குடியிற் பிறந்து நலிந்தோர் மறைவாக எடுத்துக்கொள்வர்.

தல்மூதில் அப்பா என்னும் பெயருடைய மருத்துவர் ஒருவரின் வரலாறு உள்ளது (இப்பெயர் தமிழருக்குப் புன்முறுவலை வரவழைக்கக்கூடும், அராமிய மொழியிலும் அச்சொல்லுக்குத் தந்தை என்பதே பொருள்). குருதி வடித்தல் அவர் தொழில். நோயாளிகள் கூலியை இடுவதற்குரிய பெட்டியை அவர் தம் கண்ணுக்குப் படாத இடத்தில் வைத்திருந்தார். இருப்பவர் இடுவர், இல்லாதவர் வெட்கமின்றி வந்து அமர்வர். யார் இட்டார், யார் இடவில்லை என்பது அவருக்கே தெரியாது.

மார் உக்வா என்னும் அறிஞரின் கதை இன்னும் நுட்பமானது. அண்டை வீட்டு வறியவரின் கதவிடுக்கில் நாள்தோறும் நான்கு காசுகளை இட்டுவிட்டு மறைந்து செல்வது அவர் வழக்கம். ஒருநாள் அவ்வறியவர் கொடுப்பவரைக் காண வெளியே ஓடிவந்தார். மார் உக்வாவும் மனைவியும் ஓடி ஒரு சூளைக்குள் ஒளிந்தனர். சூளையில் வெம்மை இருந்தது. கணவரின் கால்கள் சுட்டன. மனைவியின் கால்கள் சுடவில்லை. காரணம், அவர் வீட்டில் இருந்து பசித்தோர்க்கு உடனே உண்ணத்தக்க உணவையே கொடுத்து வந்தார். கணவர் கொடுத்ததோ காசு. மறைந்து கொடுப்பதைப் போற்றும் கதைக்குள்ளேயே, நேரில் நின்று உணவிடும் பெண்ணின் கொடை உயர்ந்தது என்ற தீர்ப்பும் வைக்கப்பட்டுள்ளது. எட்டுப் படிகளை மனனம் செய்விக்கும் ஆசிரியர் இக்கதையையும் உடன் சொல்வது நன்று. மறைவு ஒன்றே அறமாகிவிடாது என்பதை அம்மரபு அறிந்தே இருந்தது.

முசார் இயக்கம்

குணப்பயிற்சியை ஓர் இயக்கமாக ஆக்கியவர் லித்துவேனியாவைச் சேர்ந்த ரபி இஸ்ராயேல் சலாந்தர் (மறைவு 1883). ஒழுக்கம், கண்டிப்பு என்ற பொருள்களையுடைய 'முசார்' என்னும் சொல்லே இயக்கத்தின் பெயராயிற்று. நாள்தோறும் அறநூல்களை உரக்க ஓதித் தன்னைத்தானே ஆராயும் முறையை அவர் வற்புறுத்தினார். மெனாஹெம் மெண்டல் லெஃபின் 1808இல் வெளியிட்ட 'ஹெஷ்போன் ஹநெஃபெஷ்' என்னும் நூலையும் அவர் பரப்பினார். பதின்மூன்று குணங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு கிழமை, ஆண்டில் நான்கு சுற்றுகள், நாள்தோறும் பிழைகளைக் குறித்துவைக்கும் அட்டவணை. இம்முறை அமெரிக்கரான பெஞ்சமின் பிராங்கிளினிடமிருந்து பெறப்பட்டது என்பது பலர் அறியாத செய்தி.

அட்டவணையில் தன்னையே பார்த்துக்கொண்டிருக்கும் மனிதர் அண்டை வீட்டாரை மறந்துவிடும் ஆபத்து உண்டு. சலாந்தர் அதனை உணர்ந்தவர் என்பதற்கு 1848இல் வில்னா நகரில் பரவிய வாந்திபேதியின்போது அவர் நடந்துகொண்ட விதம் சான்றாகும். நோயாளிகளைப் பேண அவர் தம் மாணவர்களைத் திரட்டினார். ஓய்வு நாளிலும் பணி நிற்கலாகாது என்றார். யோம் கிப்பூர் நோன்பு நாளில் உடல்நலங்கருதி உண்ணலாம் என அறிவிக்கச் செய்தார். அவரே மக்கள் முன்னிலையில் உண்டு காட்டினார் என்றும் கூறுவர். அப்பகுதி ஆளுக்கொரு வகையாகச் சொல்லப்படுகிறது.

அவரைப் பற்றி வழங்கும் மற்றொரு செய்தி இதனினும் சிறியது; ஆனால் பொருள் ஆழம் உடையது. உணவுக்கு முன் கை கழுவும் சடங்கில் அவர் மிகக் குறைந்த நீரையே பயன்படுத்தினாராம். ஏனென்று கேட்டபோது, நீரைச் சுமந்து வரும் பணிப்பெண்ணின் தோளைச் சுட்டினாராம். பிறர் தோளின்மேல் ஏறித் தன் பக்தியை வளர்த்துக்கொள்ளலாகாது என்பதே கருத்து. பிறருடைய உடல் தேவையே தனக்குரிய ஆன்மத் தேவை என்ற கூற்றும் அவர் பெயரில் வழங்குகிறது. ஆயிரம் காசுகள் பற்றிய ஐயத்திற்கு இம்மரபினுள் எழுந்த மிகச் சிறந்த விடை இதுவே என்பது என் கருத்து. அண்டை வீட்டாரின் பசி தீர்ந்ததா என்பதைக் கொண்டே குணம் வளர்ந்ததா என்பது அளக்கப்பட வேண்டும், மறுதலையாக அன்று.

கடனும் கணக்கும்

ஹஃபெத்ஸ் ஹயீம் என்ற பெயரால் அறியப்படும் ரபி இஸ்ராயேல் மெயிர் ககான் (மறைவு 1933), 1888இல் வெளியிட்ட 'அஹவத் ஹெசெத்' என்னும் நூலில் வட்டியில்லாக் கடன் பற்றிய சட்டங்களை விரிவாகத் தொகுத்தார். கடன் கொடுப்பது இலவசமாகக் கொடுப்பதினும் மேலானது என்பது தல்மூதின் கருத்து. கடன் பெறுபவர் தலை குனிவதில்லை. அவரைத் திருப்பித் தரத்தக்கவர் என்று மதித்தே கடன் கொடுக்கப்படுகிறது. 'கெமிலூத் ஹசாதிம்' என்பதன் சுருக்கமாகிய 'கெமாஹ்' என்ற பெயரில் இத்தகைய கடன் நிதிகள் யூதர் வாழும் இடங்களில் இயங்குகின்றன. 1892இல் நியூயார்க்கில் புலம்பெயர்ந்தோருக்காகத் தோன்றிய எபிரேய வட்டியில்லாக் கடன் சங்கம் இவற்றுள் பெயர்பெற்றது. பணம் மட்டுமன்றி மணமகள் உடை, குழந்தைத் தொட்டில், மருந்து, நாற்காலி ஆகியவற்றை இரவலாகத் தரும் கெமாஹ்களும் உண்டு.

தொண்டு நிதியைக் கையாள்வோர்க்கு மரபு விதித்த ஒழுங்கு கடுமையானது. ஊரின் பொது நிதியாகிய 'கூப்பா'வுக்கு இருவர் சேர்ந்தே தண்ட வேண்டும். மூவர் கூடியே பங்கிட வேண்டும். தண்டச் சென்ற இருவரும் கடைவீதியில் ஒருவரை ஒருவர் பிரியலாகாது. வழியில் காசு கண்டெடுத்தாலும் தம் மடியில் இடாமல் நிதிப்பையிலேயே இட வேண்டும். நாணயம் மாற்ற வேண்டுமாயின் பிறரிடம் மாற்ற வேண்டும், தமக்குத்தாமே மாற்றிக்கொள்ளலாகாது. நம்பிக்கைக்குரியோரிடம் கணக்குக் கேட்கத் தேவையில்லை என்று பழைய சட்டம் கூறிய இடத்தில், 16ஆம் நூற்றாண்டில் கிராக்கோவ் நகரின் ரபி மோசே இஸ்ஸர்லெஸ், ஆயினும் அவர்கள் கணக்குக் காட்டுவது நன்று என்று சேர்த்தார்.

இந்த எச்சரிக்கை வீணன்று. 1976இல் ஊரி லுபோலியான்ஸ்கி எருசலேமில் தொடங்கிய 'யாத் சாரா' மருத்துவக் கருவிகளை இரவலாகக் கொடுக்கும் அமைப்பு. அண்டை அயலாரிடையே சிறு கருவியைக் கொடுத்து வாங்கியதில் தோன்றி, தன்னார்வலர் பல்லாயிரவரைக் கொண்ட நாடளாவிய அமைப்பாக வளர்ந்து, 1994இல் இஸ்ரேல் பரிசையும் பெற்றது. நிறுவனரோ 2003இல் எருசலேம் மேயரானார். ஒரு கட்டுமானத் திட்டம் தொடர்பான ஊழல் வழக்கில், யாத் சாராவுக்கு வந்த நன்கொடைகள் வழியாகக் கையூட்டுப் பெற்றார் என 2014இல் டெல் அவிவ் மாவட்ட நீதிமன்றம் அவரைக் குற்றவாளியாகக் கண்டது. மேல்முறையீட்டில் 2015இல் உச்ச நீதிமன்றம், அவர் உடல்நிலையைக் கருதிச் சிறைத் தண்டனையைச் சமூகப் பணியாகக் குறைத்தது. நீண்டகாலத் தொண்டும் ஒருவரின் எல்லா அளவுகளையும் சரிசெய்துவிடும் என்று எண்ண இவ்வழக்கு இடந்தரவில்லை. இரவற் கருவி பெற்ற நோயாளிகளுக்குக் கிடைத்த நன்மையை அது அழித்துவிடவுமில்லை.

மெய்யான ஹெசெத்

இறந்தவருக்குச் செய்யும் பணியை யூதர் 'மெய்யான ஹெசெத்' என்பர். இறந்தவர் நன்றி கூறார், கைம்மாறும் செய்யார். உடலைக் கழுவித் தூய்மை செய்து, உடுத்தி, அடக்கம் செய்யும் சங்கங்களுக்கு 'ஹெவ்ரா கதிஷா' என்று பெயர். பிராக் நகரச் சங்கம் 1564இல் நிறுவப்பட்டது. பழங்காலத்தில் அடக்கச் செலவுக்கு அஞ்சி உறவினர் பிணத்தை விட்டு ஓடும் நிலை இருந்ததாகவும், செல்வாக்கு மிக்க ரபான் கமாலியேல் தம்மை எளிய நார்த்துணியிலேயே அடக்குமாறு கூறி அதனை மாற்றியதாகவும் தல்மூத் கூறுகிறது. அன்றுமுதல் செல்வர்க்கும் வறியவர்க்கும் ஒரே வகை எளிய துணி வழக்காயிற்று.

உடலைக் கழுவுங்கால் தேவையின்றி அதனைத் திறந்து வைப்பதில்லை; வீண்பேச்சு பேசுவதில்லை. பணி முடிந்ததும் சங்கத்தார் இறந்தவரை அவர் பெயர் சொல்லி அழைத்து, தம்மை அறியாமல் அவருடைய மதிப்புக்குக் குறைவு நேர்ந்திருந்தால் பொறுத்தருளுமாறு வேண்டுவர். மோசே மறைந்த நாளாகக் கொள்ளப்படும் அதார் மாதம் 7ஆம் நாளில் பல ஊர்களின் சங்கத்தார் இதே காரணத்துக்காக நோன்பிருப்பர். மாலையில் கூடி உண்டு, அவ்வாண்டுக்குரிய பணியை மீண்டும் தொடங்குவர்.