சொந்த அரங்கா, வாடகை அரங்கா?

வீட்டுக் கடன் வாங்கும்போது நாம் சில கேள்விகளைத் தவறாமல் கேட்கிறோம். பத்திரம் யார் பெயரில் இருக்கும்? வட்டி நிலையானதா, மாறக்கூடியதா? கையில் பணம் சேர்ந்தால் முன்கூட்டியே அடைத்துவிடலாமா? பழுதுபார்க்கும் செலவு யாருடையது? அமெரிக்காவின் பெரிய நகரங்களும் இதே கேள்விகளைப் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகின்றன. அங்கே பேச்சு வீட்டைப் பற்றியதன்று. கூடைப்பந்து அரங்குகளைப் பற்றியது.

என்.பி.ஏ. எனப்படும் தொழில்முறைக் கூடைப்பந்துப் போட்டியில் 30 அணிகள் உள்ளன. அவற்றுள் கனடாவின் டொராண்டோ அணி தவிர மற்றவை அனைத்தும் அமெரிக்க அணிகள். ஒவ்வோர் அணியும் ஒரு பருவத்தின் 82 லீக் ஆட்டங்களில் பாதியைச் சொந்த ஊர் அரங்கில் ஆடுகிறது. அதாவது, ஆண்டுக்கு ஏறத்தாழ 41 நாள்கள். மற்ற நாள்களில் அந்தப் பெரிய கட்டடம் எதைக் கொண்டு சம்பாதிக்கும் என்பதுதான் இந்தத் தொழிலின் அடிப்படைக் கேள்வி. அந்தக் கேள்வியிலிருந்தே இந்தப் போட்டியும் பிறந்தது.

அரங்கு முதலில், அணி பின்னர்

1946 ஜூன் மாதம், பெரிய அரங்குகளின் உரிமையாளர்கள் நியூயார்க்கில் கூடி ஒரு புதிய கூடைப்பந்துச் சங்கத்தைத் தொடங்கினர். அவர்களுள் பலர் பனி ஹாக்கி அணிகளையும் நடத்தி வந்தவர்கள். ஹாக்கி இல்லாத இரவுகளில் அரங்குகள் வெறுமனே கிடந்தன. அந்த இரவுகளுக்கு வருமானம் தேட வேண்டியிருந்தது. 11 அணிகளுடன் தொடங்கிய அந்தச் சங்கம் 1949-இல் மற்றொரு சங்கத்துடன் இணைந்து என்.பி.ஏ. ஆயிற்று.

முதல் ஆட்டம் 1946 நவம்பர் 1 அன்று டொராண்டோவின் மேப்பிள் லீஃப் கார்டன்ஸ் அரங்கில் நடந்தது. நியூயார்க் அணி 68–66 என்ற கணக்கில் வென்றது. அந்த அரங்கு இன்றும் நிற்கிறது. ஆனால் அதன் தரைத்தளத்தில் இப்போது பலசரக்குப் பேரங்காடி நடக்கிறது. மேல்தளம் ஒரு பல்கலைக்கழகத்தின் விளையாட்டுக்கூடம்.

1928-இல் திறக்கப்பட்ட பாஸ்டன் கார்டன், செல்டிக்ஸ் அணிக்கு 1995 வரை சொந்த ஊர் அரங்காக இருந்தது. சிறு மரத்துண்டுகளைக் கட்டம் கட்டமாகப் பொருத்திய அதன் ஆடுதளம் புகழ்பெற்றது. போர்க்காலத்து மரத் தட்டுப்பாட்டில் கிடைத்த துண்டுகளைக் கொண்டு அமைத்ததால் வந்த வடிவம் அது. அந்த அரங்கில் குளிர்சாதன வசதி இல்லை. 1984 இறுதிச் சுற்றின் ஓர் ஆட்டத்தில் உள்ளே வெப்பம் 36 டிகிரி செல்சியஸை எட்டியது.

கட்டடம் எப்போது பழையதாகிறது?

பிற்காலத்தில் அரங்குகள் கைவிடப்பட்டதற்குச் சுவர் விரிசலோ கூரை ஒழுக்கோ முதன்மைக் காரணமன்று. 1988-இல் டெட்ராய்ட் நகருக்கு வெளியே பேலஸ் ஆஃப் ஆபர்ன் ஹில்ஸ் என்ற அரங்கு தனியார் பணத்தில் எழுந்தது. பெருநிறுவனங்கள் ஆண்டுக் கணக்கில் வாடகைக்கு எடுக்கும் தனியறைகள் அதில் சுமார் 180 இருந்தன. சாதாரண நுழைவுச்சீட்டைவிடத் தனியறை வாடகையே பெரிய வருமானம் என்று மற்ற அணிகளும் கண்டுகொண்டன. அத்தகைய அறைகளுக்கு இடமில்லாத அரங்குகள், நன்றாக இருந்தபோதும், அன்றே பழையவை ஆயின. பிற்பாடு அந்தப் பேலஸ் அரங்கும் தப்பவில்லை. 2017-இல் அணி நகர மையத்துக்கு இடம் மாறியது. 2020-இல் அரங்கு தகர்க்கப்பட்டது. அதன் ஆயுள் 32 ஆண்டுகள்.

ஓர் அரங்குக்கான கடனோ 20, 30 ஆண்டுகள் ஓடக்கூடியது. கட்டடத்தின் பயனும் கடனின் தவணையும் ஒன்றாக முடியாதபோது என்ன நேரும் என்பதற்கு மூன்று நகரங்களைப் பார்ப்போம்.

போர்ட்லேண்ட்: அடைக்க முடியாத கடன்

மைக்ரோசாஃப்ட் நிறுவனர்களுள் ஒருவரான பால் ஆலன், போர்ட்லேண்ட் அணியின் உரிமையாளராக இருந்தார். அவர் 1995-இல் ரோஸ் கார்டன் அரங்கைத் திறந்தார். அதற்காக அவருடைய அரங்கு நிறுவனம் 15.5 கோடி டாலர் கடன் பெற்றது. வட்டி 8.99 விழுக்காடு. முன்கூட்டியே அடைக்கவோ குறைந்த வட்டிக்கு மாற்றிக்கொள்ளவோ ஒப்பந்தம் இடம் தரவில்லை. பின்னர் சந்தையில் வட்டி விகிதங்கள் இறங்கின. அரங்கின் தவணை மட்டும் இறங்கவில்லை. 2004-இல் அரங்கு நிறுவனம் திவால் பாதுகாப்பு கோரியது. அரங்கு கடன் கொடுத்தோர் கைக்குப் போயிற்று. உலகின் பெருஞ்செல்வர் ஒருவரின் அணி, அவரே கட்டிய அரங்கில் வாடகைக்கு ஆடியது. 2007-இல் அவர் அதைத் திரும்ப வாங்கினார்.

ஓக்லாந்து: ஒரு சொல்லின் விலை

1966-இல் திறக்கப்பட்ட ஓக்லாந்து அரங்கு பொதுச் சொத்து. வாரியர்ஸ் அணிக்காக 1996–97-இல் அதைப் பெருஞ்செலவில் புதுப்பித்தனர். அதற்கான கடன் 2027 வரை ஓடுவது. அணியின் ஒப்பந்தக் காலம் முதலில் 2017 வரை, விரும்பினால் நீட்டிக்கலாம். அணி அந்த நீட்டிப்பை ஏற்காமல், சில காலம் தங்கிவிட்டு, 2019-இல் வளைகுடாவின் மறுகரையிலிருந்த சான்பிரான்சிஸ்கோவுக்குப் போயிற்று. அங்கே சேஸ் சென்டர் என்ற தனது சொந்த அரங்கைத் தனியார் பணத்தில் கட்டியிருந்தது.

மீதிக் கடன் 4 கோடி டாலருக்கு மேல். ஒப்பந்தத்தை அணி ‘முறித்தால்’ மீதியைச் செலுத்த வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. தாம் முறிக்கவில்லை, காலம் தானாக முடிந்தது என்றது அணி. பிரிந்து செல்வதும் முறிப்பதே என்றது அரங்கை நடத்திய பொது அமைப்பு. 2018-இல் இசைவுத் தீர்ப்பாளர் அணியே செலுத்த வேண்டுமென முடிவு சொன்னார். 2020-இல் கலிஃபோர்னியா மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை உறுதி செய்தது. முடிவு வேறாக இருந்திருந்தால், அணி போன பிறகும் அந்தத் தவணையை ஓக்லாந்து மக்களின் வரிப்பணம் சுமந்திருக்கும்.

சியாட்டில்: வாக்காளர் வகுத்த வட்டிக் கணக்கு

சியாட்டில் அரங்கு 1962 உலகக் கண்காட்சிக்காகக் கட்டப்பட்டது. 1967 முதல் சூப்பர்சோனிக்ஸ் அணி அங்கே ஆடியது. 1995-இல் நகராட்சி அதைப் பெரிதாகத் திருத்திக் கட்டியது. சுமார் பத்தாண்டுகளில் அதுவும் போதவில்லை என்று அணி புதிய அரங்கு கேட்டது. 2006 நவம்பரில் சியாட்டில் வாக்காளர்கள் ஒரு சட்டத்தைப் பெரும்பான்மையுடன் நிறைவேற்றினர். தொழில்முறை அணிகளின் அரங்குக்கு நகராட்சி பணம் கொடுத்தால், நடுவண் அரசின் 30 ஆண்டுக் கடன் பத்திரம் தரும் அளவுக்காவது அதில் ஆதாயம் வரவேண்டும் என்பதே அதன் சாரம்.

2008-இல் அணி ஓக்லஹோமா நகருக்குப் போய்விட்டது. ஒப்பந்தக் காலத்தில் மீதமிருந்த இரண்டு ஆண்டுகளுக்காக நகராட்சிக்கு 4.5 கோடி டாலர் கிடைத்தது. 41 ஆண்டுகள் தம் ஊர்ப் பெயரைச் சொல்லி ஆடிய அணியை மக்கள் இழந்தனர். அந்த வலியை எந்தக் கணக்கேட்டிலும் எழுத இயலாது. ஆயினும் அரங்கின் கதை அத்துடன் முடியவில்லை. 1962-இன் கூரையை அப்படியே தாங்கி நிறுத்தி, அதன் கீழே ஆழமாகத் தோண்டி, தனியார் செலவில் கிட்டத்தட்ட முழுப் புதிய அரங்கு அமைக்கப்பட்டது. 2021-இல் அது திறந்தபோது குடிவந்தது பனி ஹாக்கி அணி.

நன்கொடையும் பராமரிப்பும்

கடனே இல்லாத அரங்கு கிடைத்தால் கவலை தீருமா? மில்வாக்கி நகரின் பிராட்லி சென்டர் 1988-இல் ஒரு கொடையாளர் குடும்பம் மக்களுக்கு அளித்த பரிசு. ஆனால் நீண்டகாலப் பராமரிப்புக்கும் புதுப்பித்தலுக்கும் அந்தக் கொடையில் ஏற்பாடு இல்லை. 30 ஆண்டுகளில் அது பின்தங்கிப் போயிற்று. 2018-இல் திறந்த புதிய அரங்குக்கான செலவில் 25 கோடி டாலரைப் பொதுப்பணம் ஏற்றது.

பெயர்ப்பலகையில் வங்கிகள்

அரங்குகளின் மற்றொரு வருமானம் பெயரிடும் உரிமை. இதில் வங்கிகளின் பங்கு பெரிது. பிலடெல்பியாவில் 1996-இல் திறந்த அரங்கின் பெயர் கோர்ஸ்டேட்ஸ் சென்டர். அந்த வங்கி ஃபர்ஸ்ட் யூனியனுடன் இணைந்தது. 1998-இல் பலகை மாறியது. அது வாக்கோவியாவுடன் இணைந்தது. மீண்டும் பலகை மாறியது. 2008 நிதி நெருக்கடியில் வாக்கோவியாவை வெல்ஸ் ஃபார்கோ வாங்கியது. 2010-இல் அந்தப் பெயர் ஏறியது. 2025-இல் அதுவும் இறங்கி, ஒரு கைப்பேசிச் சேவையின் பெயர் வந்தது. அமெரிக்க வங்கி இணைப்புகளின் வரலாற்றை அந்த ஒரே வாசலில் படித்துவிடலாம்.

மயாமியில் நடந்தது வேறு. 2021-இல் எஃப்.டி.எக்ஸ். என்ற கிரிப்டோ நிறுவனம் 19 ஆண்டுகளுக்குப் பெயர் உரிமை வாங்கியது. 2022 நவம்பரில் அது திவாலாயிற்று. பலகையைக் கழற்ற வேண்டியதாயிற்று. வாசலில் பெரிய எழுத்தில் பெயர் இருப்பது நிறுவனத்தின் வலிமைக்குச் சான்றன்று என்பதை முதலீட்டாளர்களும் அன்று கண்டனர்.

2024-இல் லாஸ் ஏஞ்சலஸ் அருகே இன்டியூட் டோம் திறந்ததிலிருந்து 30 அணிகளுக்கும் தனித்தனி அரங்கு உண்டு. ஏறத்தாழ 200 கோடி டாலர் செலவான அந்த அரங்கைக் கட்டியது தனியார் பணம். எல்லா ஊர்களிலும் அப்படி ஓர் உரிமையாளர் வாய்ப்பதில்லை. அங்கெல்லாம் மக்கள் பிரதிநிதிகள் அமர்ந்து பார்க்க வேண்டியவை, நாம் வீட்டுக் கடன் படிவத்தில் பார்ப்பவையே: தவணைக் காலம், வட்டி, முன்கூட்டி அடைக்கும் உரிமை, பராமரிப்பு நிதி, குடியிருப்பவர் வெளியேறினால் மீதியைக் கட்டுபவர் யார் என்ற விதி. தொகை எத்தனை கோடியானாலும், கையொப்பத்துக்கு முன் படிக்க வேண்டிய பக்கங்கள் அவைதான்.