எரிவாயுக் குழாய் விபத்து ஒத்திகை: நோயாளிகளும் பராமரிப்பாளர்களும் அறிய வேண்டியவை

இயற்கை எரிவாயுவைத் தொலைதூரம் கொண்டுசெல்லும் குழாய்கள் பெரும்பாலும் வயல்கள், சாலையோரங்கள் ஆகியவற்றின் அடியில் மண்ணுக்குள் பதிக்கப்பட்டுள்ளன. இவற்றில் விபத்து நேர்வது அரிது. நேர்ந்தால் விளைவு கடுமையாக இருக்கும். 2014 ஜூன் 27 அன்று விடியற்காலையில், ஆந்திர மாநிலம் கிழக்கு கோதாவரி மாவட்டத்தின் நகரம் என்னும் கிராமத்தில், கெயில் நிறுவனக் குழாயிலிருந்து கசிந்த எரிவாயு தீப்பற்றியதில் 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். இத்தகைய வேளையில் எழுந்து நடக்க இயலாதவரே மிகுந்த ஆபத்துக்கு உள்ளாகின்றனர்.

ஒத்திகை ஏன் நடத்தப்படுகிறது?

பெட்ரோலியம் மற்றும் இயற்கை எரிவாயு ஒழுங்குமுறை வாரியத்தின் 2010-ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, குழாய் நிறுவனங்கள் அவசரகாலத் திட்டம் வகுத்து, குறித்த கால இடைவெளியில் ஒத்திகை நடத்த வேண்டும். பாதிப்பு நிறுவன எல்லையைத் தாண்டி ஊர்களை எட்டும் நிலை மூன்றாம் நிலை எனப்படும். அப்போது மாவட்ட நிர்வாகம், தீயணைப்புத் துறை, காவல் துறை, மருத்துவத் துறை ஆகியவை இணைந்து செயல்படுகின்றன.

எவை மதிப்பிடப்படுகின்றன?

ஒத்திகையின் பயன் அதன் மதிப்பீட்டில்தான் உள்ளது. மதிப்பீட்டாளர்கள் ஒவ்வொரு படியின் நேரத்தையும் குறித்துக்கொள்கின்றனர்:

• கசிவு பற்றிய முதல் தகவல் வந்ததிலிருந்து குழாயின் வால்வு மூடப்படும் வரை ஆன நேரம்
• எச்சரிக்கை கடைசி வீட்டை எட்டிய நேரம்
• காற்றின் திசையறிந்து மக்கள் வெளியேற்றப்பட்டனரா என்பது
• காயமடைந்தோர் சிவப்பு, மஞ்சள், பச்சை என வகைப்படுத்தப்பட்ட விதம்
• தீக்காயமுற்றவர் உரிய மருத்துவமனையை அடைந்த நேரம்

மதுரை மாவட்டத்தின் பேரையூரிலிருந்து மதுரை அரசு இராசாசி மருத்துவமனை ஏறத்தாழ 50 கி.மீ. தொலைவில் உள்ளது. இத்தகைய ஊர்களில், உள்ளூர் அரசு மருத்துவமனையில் முதற்கட்டச் சிகிச்சை அளிக்கப்படுவதும், அங்கிருந்து நோயாளி மேல்சிகிச்சைக்கு அனுப்பப்படுவதும் தனித்தனியே அளக்கப்பட வேண்டும்.

விடுபட்டுப்போகக் கூடியவர்கள்

ஒத்திகையில் காயமடைந்தவராக நடிப்போர் பெரும்பாலும் உடல்நலம் உள்ள தன்னார்வலர்களே. படுக்கையில் உள்ளவர், ஆக்சிஜன் கருவியைச் சார்ந்திருப்பவர், பார்வை அல்லது செவித்திறன் குறைந்தவர், பிரசவித்த தாய் ஆகியோர் அதில் இடம்பெறாவிட்டால், அவர்களை வெளியேற்ற ஆகும் நேரம் அறிக்கையில் பதிவாகாது. பதிவாகாத குறையைத் திருத்த வழியில்லை.

பராமரிப்பாளர்கள் முன்கூட்டியே செய்ய வேண்டியவை

• உங்கள் வீட்டில் நடக்க இயலாதவர் உள்ளார் என்பதைக் கிராம நிர்வாக அலுவலரிடமும் கிராம சுகாதாரச் செவிலியரிடமும் தெரிவிக்கவும்.
• நோயாளியைக் கயிற்றுக் கட்டிலிலோ கெட்டியான போர்வையிலோ தூக்கிச் செல்ல உதவும் அண்டை வீட்டார் நால்வரை முன்னரே கேட்டு வைக்கவும்.
• மருந்துச் சீட்டு, ஒரு வார மருந்து, மருத்துவ அறிக்கைகள் ஆகியவற்றை ஒரே பையில் வைக்கவும்.
• ஒத்திகை அறிவிக்கப்பட்டால், உங்கள் வீட்டையும் அதில் சேர்க்குமாறு கேட்கவும். நோயாளியின் உடல்நிலை இடம்தராவிடில், அவருக்குப் பதிலாக வேறொருவரைப் படுக்கவைத்துத் தூக்கிப் பார்க்கலாம்.

கசிவு ஏற்பட்டால்

இயற்கை எரிவாயுவின் பெரும்பகுதியான மீத்தேனுக்கு இயல்பில் மணமில்லை. வீடுகளுக்கு வழங்கும்போது மணமூட்டி சேர்க்கப்படுகிறது. தொலைதூரக் குழாய்களில் அது இல்லாமலும் இருக்கலாம். ஆகவே சீறும் ஒலி, மண் புழுதியாக எழும்புதல், தேங்கிய நீரில் தொடர்ந்து குமிழி வருதல் ஆகியவற்றையும் எச்சரிக்கையாகக் கொள்ளவும்.

• தீக்குச்சி, அடுப்பு, மின் விசை, வாகனம் எதையும் இயக்க வேண்டாம்.
• காற்று வீசிவரும் திசையை நோக்கி, கசிவு இடத்தைத் தவிர்த்து விலகிச் செல்லவும்.
• பாதுகாப்பான தொலைவை அடைந்த பின்னர் 112 அல்லது 108 எண்ணை அழைக்கவும். குழாய்த் தடத்தில் நடப்பட்டுள்ள எச்சரிக்கைப் பலகையில் உள்ள எண்ணுக்கும் தெரிவிக்கவும்.
• தீக்காயத்தின் மீது 20 நிமிடங்கள் குளிர்ந்த குழாய்நீர் விடவும். பற்பசை, மை, மாவு ஆகியவற்றைத் தடவ வேண்டாம்.

ஒத்திகை முடிந்த பின்னர், கண்டறியப்பட்ட குறைகள் எவை, அவை எந்நாளுக்குள் சரிசெய்யப்படும் என்று கிராம சபையில் கேட்கலாம். அடுத்த ஒத்திகையில் அக்குறைகள் நீங்கியிருக்க வேண்டும்.