போன்சாய் மரத்தில் பூச்சியா, சிலந்தியா?

கேள்வி: இமிடாகுளோபிரிட் இரண்டு முறை அடித்தும் என் போன்சாயின் இலைகள் வெளிறிக்கொண்டே போகின்றன. ஏன்?

இலையில் ஊசியால் குத்தியதுபோல் வெளிர்ப் புள்ளிகள் இருந்தால், பெரும்பாலும் சிவப்பு சிலந்தியாக இருக்கும். எட்டுக்கால் உயிரி அது. பூச்சி இனமே அல்ல. இமிடாகுளோபிரிட் அதைக் கொல்லாது. அந்த மருந்துக்குப் பிறகு சிலந்தி பெருகுவதும் உண்டு. கிளைக்கு அடியில் வெள்ளைத்தாளைப் பிடித்து மெல்லத் தட்டிப் பாருங்கள். விழுந்த தூசியில் புள்ளிகள் ஊர்ந்தால் சந்தேகமே வேண்டாம்.

மொட்டைமாடிச் சூட்டிலும் வறண்ட காற்றிலும் ஒரே வாரத்தில் அடுத்த தலைமுறை தயாராகிவிடும். ஒருமுறை அடித்துவிட்டு ஓய்ந்தால் முட்டைகள் பொரித்து மறுபடி தொடங்கும். மூன்று நாளுக்கு ஒருமுறை இலையின் அடிப்பக்கத்தில் தண்ணீரைப் பீய்ச்சி அடியுங்கள். இரண்டு, மூன்று வாரம் விடாமல் செய்யுங்கள். வீட்டு மரத்துக்குப் பெரும்பாலும் இதுவே போதும். அடங்காவிட்டால் நனையும் கந்தகத்தை லிட்டருக்கு 2 கிராம் கரைத்துத் தெளிக்கலாம். கடும் வெயில் நாட்களில் அது வேண்டாம். வேப்பெண்ணெய் தெளித்த இரண்டு வாரத்துக்குள்ளும் கூடாது, இலை கருகிவிடும்.

கேள்வி: மாவுப்பூச்சிக்கு என்ன செய்வது?

சின்ன மரம் என்பதால் கையாலேயே ஒழித்துவிடலாம். பஞ்சுக்குச்சியை சர்ஜிகல் ஸ்பிரிட்டில் நனைத்து ஒவ்வொன்றாகத் தொட்டெடுங்கள். கிளைக்கவட்டிலும், வளைப்பதற்காகச் சுற்றிய கம்பிக்கு அடியிலும் அவசியம் பாருங்கள். எறும்பு ஏறுகிறதா என்றும் கவனியுங்கள். பூச்சி சுரக்கும் இனிப்புக்காக எறும்பு அதைக் காவல் காக்கும்.

வெள்ளையாக இருப்பதையெல்லாம் நசுக்கிவிடாதீர்கள். மாவுப்பூச்சியைத் தின்னும் ஒரு பொறிவண்டின் புழுவும் அதே வெள்ளைப் போர்வையோடுதான் இருக்கும். ஆனால் அளவில் பெரிதாக இருக்கும், வேகமாக ஊரும். 1898-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட நண்பன் அது.

காரணம் தெரியாமல் மரம் வாடினால், தொட்டியிலிருந்து எடுத்து வேரைப் பாருங்கள். அங்கே வெள்ளைப் பொடி படிந்திருந்தால் வேர் மாவுப்பூச்சி. பழைய மண்ணை உதறி, வேரைக் கழுவி, புதுமண்ணில் நடுவதுதான் வழி.

கேள்வி: இச்சி இலைகள் நீளவாக்கில் மடிந்துகொள்கின்றனவே?

உள்ளே இலைப்பேன் இருக்கிறது. மடிப்புக்குள் எந்தத் தெளிப்பும் எட்டாது. அந்த இலைகளைக் கிள்ளி, பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள்.

கேள்வி: வேப்பெண்ணெய் எவ்வளவு சேர்க்கலாம்?

லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி. கலப்பதற்குச் சில துளி காதி சோப்புக் கரைசல். துணி துவைக்கும் தூள் கூடவே கூடாது. முதலில் மரத்துக்குத் தண்ணீர் விட்டு, மண்ணைப் பிளாஸ்டிக் தாளால் மூடி, வெயில் தாழ்ந்த பிறகு தெளியுங்கள். தட்டுத்தொட்டியில் இருப்பது சில கைப்பிடி மண்தான். வழிந்து இறங்கும் எண்ணெயும் சோப்பும் வேரில் தேங்கி, பூச்சி செய்யாத கெடுதலைச் செய்துவிடும். அளவைக் கூட்டினால் பலன் கூடும் என்று எண்ணியே பலர் நல்ல மரங்களை இழக்கிறார்கள்.

புதிதாக வாங்கும் மரத்தை மூன்று வாரமாவது மற்றவற்றோடு சேர்க்காமல் தனியே வையுங்கள்.