பாதத்தில் ஒரு கிலோ

பௌர்ணமிக்கு முந்தின நாள் சாயங்காலம் திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலைக்கு நடக்கக் கிளம்பினேன். பையில் மாற்றுத்துணி மூன்று செட், கம்பளிப் போர்வை, இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில், டார்ச் லைட், குடை, பவர் பேங்க், மருந்துப் பெட்டி. வீட்டில் கட்டிக்கொடுத்த முப்பது இட்லி, அதற்கு மிளகாய்ப்பொடி எண்ணெய் தனி டப்பாவில். களைத்து உட்காரும்போது படிக்கலாம் என்று ஒரு தலையணைப் புத்தகம் வேறு. மொத்தம் ஒன்பது கிலோ. தீவனூர் தாண்டும்போது பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது: "ஏம்பா, வீடு காலி பண்ணிக்கினு போறியா?"

அந்த அம்மாவுக்கு அறுபது தாண்டியிருக்கும். வெறுங்கால். தலையில் ஈரத்துண்டு, தோளில் மஞ்சப்பை, இடுப்பில் செருகிய சுருக்குப்பை. கையில் ஒன்றுமில்லை. சிரித்துக்கொண்டே என்னைத் தாண்டிப் போனவர் செஞ்சிக்குள் நுழைகிறவரை கண்ணுக்கு எட்டும் தூரத்திலும் அகப்படவில்லை.

நடந்து கோயிலுக்குப் போவது இந்தப் பக்கத்தில் புதிதல்ல. பௌர்ணமிக்கும் தீபத்துக்கும் திருவண்ணாமலை, அமாவாசைக்கு மேல்மலையனூர், பங்குனி உத்திரத்துக்குக் காவடியோடு மயிலம், சிவப்பு உடுத்தி மேல்மருவத்தூர். எல்லாம் ஓரிரு நாள் நடை. என்ன எடுத்துப் போகலாம் என்று கேட்டால் எல்லோரும் எடையைத்தான் சொல்வார்கள், உடல் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம் என்பார்கள். மத்திய அரசின் 2020 பள்ளிப் பைக் கொள்கைகூடப் பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கைத்தான் வைத்திருக்கிறது. தவறில்லை. ஆனால் உடலியல்காரர்கள் இன்னொரு கேள்வியும் கேட்கிறார்கள். அந்தக் கிலோ உடம்பில் எங்கே இருக்கிறது?

1969-ல் சோல், கோல்ட்மன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள், ராணுவத்துக்காக இதை அளந்து பார்த்தார்கள். ஆட்களை நடக்கவிட்டு, அவர்கள் இழுக்கும் ஆக்சிஜனைக் கணக்கிட்டு, சுமையைத் தலையிலும் கையிலும் பாதத்திலும் மாற்றி மாற்றி ஏற்றினார்கள். உடம்பின் சொந்த எடையில் ஒரு கிலோவைத் தூக்கி நடக்க ஒரு ரூபாய் செலவு என்று வையுங்கள். தலையில் வைத்த கிலோவுக்கு ஒரு ரூபாய் இருபது காசு. கையில் தொங்கும் கிலோவுக்கு ஒன்று நாற்பதிலிருந்து ஒன்று தொண்ணூறு. பாதத்தில் கட்டிய கிலோவுக்கு நாலு ரூபாய் இருபது காசில் தொடங்கி ஆறு ரூபாய் முப்பது காசு வரை! காலில் ஒரு பவுண்டு முதுகில் ஐந்து பவுண்டுக்குச் சமம் என்று 1953 எவரெஸ்ட் குழுவினர் காலத்திலிருந்தே மலையேறுகிறவர்கள் சொல்லிவந்ததும் ஏறக்குறைய இதுதான்.

பாதம் ஏன் இவ்வளவு கறாராக வசூலிக்கிறது? உடம்பு ஒரே சீராக முன்னே போகிறது, பாதம் அப்படிப் போவதில்லை. தரையில் ஊன்றும்போது அது அசையாமல் நிற்கிறது, அடுத்த நொடியில் பின்னாலிருந்து முன்னால் பாய்கிறது, மறுபடி நிற்கிறது. பாதி நேரத்துக்கு மேல் நின்றுகொண்டே இருப்பதால், மீதி நேரத்தில் உடம்பைப் போல இரண்டு மடங்குக்கும் அதிகமான வேகத்தில் ஓடினால்தான் கூடவே வரமுடியும். வேகம் இரண்டு மடங்கானால் இயக்க ஆற்றல் நான்கு மடங்காகும். ஒவ்வொரு அடியிலும் அந்த ஆற்றலைக் கொடுத்து, உடனே பிரேக் போட்டு நிறுத்த வேண்டும்.

திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை சுமார் 65 கி.மீ. ஓர் அடிக்கு 70 செ.மீ. என்றால் ஏறக்குறைய 93,000 அடிகள், ஒரு காலுக்கு 46,000. கால் கிலோ செருப்பை 46,000 தடவை தூக்கி வைப்பதைக் கூட்டினால் பதினொன்றரை டன் வருகிறது. 75 கிலோ நெல் மூட்டையாக எண்ணினால் நூற்றைம்பதுக்கு மேல், அதுவும் ஒரு காலுக்கு. தூக்கும் உயரம் சில அங்குலம்தான் என்பதால் கணக்கு கொஞ்சம் மிகைதான். ஆனாலும் கனமான ஷூ போட்டு வந்து கீழ்பென்னாத்தூரில் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பாதத்திலிருந்து கைக்கு மாற்றினாலே பெரிய லாபம் என்பதை அவர்கள் யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை.

அப்படியானால் அந்த அம்மாவின் வெறுங்கால்தான் சிக்கனமா? ஆற்றல் கணக்கில் ஆமாம். ஆனால் தோலுக்குத் தனிக் கணக்கு இருக்கிறது. கோடை மதியத்தில் தார்ச்சாலையின் மேற்பரப்பு 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும். 1940-களில் மோரிட்ஸ், ஹென்ரிக்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள், வெப்பம் தோலை எப்படிப் புண்ணாக்குகிறது என்று அளந்தார்கள். 44 டிகிரியில் தோல் வெந்துபோக ஆறு மணி நேரம் ஆகிறது. 60 டிகிரியில் சில வினாடிகளே போதும். நடக்கும்போது பாதம் ஒரு நொடிக்கும் குறைவாகவே தரையைத் தொடுவதாலும், காய்த்த தோல் தடிப்பாக இருப்பதாலும் தப்பிக்கிறோம். சாலை ஓரத்து வெள்ளைக் கோட்டின் மேலேயே ஒருவர் பின் ஒருவராகப் போகும் வரிசையைக் கவனித்திருப்பீர்கள். வெள்ளைப் பெயின்ட் வெயிலைத் திருப்பி அனுப்பிவிடுவதால் அந்தப் பட்டை மட்டும் சூடு குறைவு. நான்கு விரல் அகலத்தில் ஒரு நிழல் என்றே சொல்லலாம். அதைவிட நல்ல வழி, இரவில் நடப்பது.

காய்த்த காலைப் பற்றி இன்னொரு செய்தி. தோல் தடித்தால் தரையை உணரும் சக்தி மழுங்கிவிடும் என்று நினைப்போம். கென்யாவில் வெறுங்காலோடு வளர்ந்தவர்களையும் செருப்போடு வளர்ந்தவர்களையும் ஒப்பிட்டு 2019-ல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு, அப்படி இல்லை என்கிறது. காய்ப்பு உறையாகக் காக்கிறது, உணர்வையும் உள்ளே கடத்துகிறது. ஆனால் அது பல ஆண்டு வெறுங்காலில் வருவது. வருஷம் முழுக்க ஷூவில் இருந்துவிட்டு நடைப்பயணத்துக்கு மட்டும் செருப்பைக் கழற்றுகிறவர்களுக்குச் செஞ்சியிலேயே கொப்புளம் நிச்சயம். பழகிய, இலேசான ரப்பர் செருப்பில் நடந்தால் அண்ணாமலையார் கோபித்துக்கொள்ள மாட்டார் என்பது என் நம்பிக்கை.

தலைக்கு வருவோம். மேல்மருவத்தூருக்கும் சபரிமலைக்கும் போகிறவர்கள் இருமுடியைத் தலையில் வைக்கிறார்கள். 1986-ல் கிழக்கு ஆப்பிரிக்காவில் லுவோ, கிகுயு இனப் பெண்களை ஆராய்ந்தவர்கள் அசந்துபோனார்கள். உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கு வரை தலைமேலோ நெற்றிப்பட்டையிலோ சுமந்தாலும் அந்தப் பெண்கள் கூடுதலாக ஆக்சிஜன் செலவழிக்கவில்லை. ஏதோ இலவசமாகச் சுமப்பது போல!

விளக்கம் 1995-ல் வந்தது. மேல்மலையனூரில் அமாவாசை இரவு அம்மனுக்கு நடக்கும் ஊஞ்சல் உற்சவத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஊஞ்சல் மேலே போகும்போது வேகம் உயரமாக மாறுகிறது, இறங்கும்போது உயரம் மறுபடி வேகமாகிறது. நடையும் ஊஞ்சல்தான், தலைகீழாக. ஊன்றிய கால் மாட்டுவண்டிச் சக்கரத்தின் ஆரக்கால் மாதிரி நிற்க, இடுப்பு அதன் மேல் வளைந்து ஏறி இறங்குகிறது. இந்தக் கொடுக்கல் வாங்கலில் நமக்கு மூன்றில் இரண்டு பங்கு ஆற்றல்தான் திரும்பக் கிடைக்கிறது, மீதியைத் தசை ஈடுகட்டுகிறது. அந்தப் பெண்களோ சுமை ஏறியதும் இந்த இழப்பைக் குறைத்து, இன்னும் நல்ல ஊஞ்சலாகிவிடுகிறார்கள். இதைப் படித்துவிட்டு நாளைக்கே பையைத் தலையில் வைக்க வேண்டாம். 2010-ல் தென்னாப்பிரிக்காவில் கோசா இனப் பெண்களிடம் செய்த ஆய்வில் அப்படி ஒரு பொதுவான சலுகை தெரியவில்லை. அது எல்லோருக்கும் வரும் கலையல்ல. பழகாதவர்களுக்குக் கழுத்து வலிதான் மிஞ்சும். இருமுடியில் எனக்குப் பிடித்தது வேறு. சாமிக்கு உள்ளது முன்முடியில், நமக்கு உள்ளது பின்முடியில். பின்முடிக்குள் எவ்வளவு அடங்குமோ அவ்வளவுதான் நம் சாமான். தலையணைப் புத்தகத்துக்கு அதில் இடமில்லை.

மயிலத்துக் காவடிக்கும் ஒரு கணக்கு உண்டு. தோள்மேல் வளைந்து கொடுக்கும் கம்பின் இரு முனைகளிலும் சுமையைத் தொங்கவிட்டு ஓடினால் என்ன ஆகும் என்று 1991-ல் ராட்ஜர் கிராம் என்ற ஆய்வாளர் சோதித்தார். ஆற்றல் செலவு முதுகுப்பையைவிடக் குறையவில்லை. ஆனால் ஒவ்வொரு அடிக்கும் தோளில் விழும் குத்து வெகுவாகக் குறைந்தது.

தோளில் ஒருபக்கமாக மாட்டும் ஜோல்னாப் பையைப் பொறுத்தவரை எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. பை வலப்பக்கம் தொங்கினால் இடப்பக்க முதுகுத்தசைதான் இழுத்துப் பிடித்துக்கொண்டே வரவேண்டும், 93,000 அடிக்கும். சுமைக்கு உகந்த இடம் இடுப்பு. உடம்பின் எடைமையம் அங்கே பக்கத்தில் இருப்பதால், அங்கே கட்டிய பொருள் ஆடுவதும் குறைவு, நம்மைச் சாய்ப்பதும் குறைவு. மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்பது பழமொழி. நடையைப் படிக்கும் அறிவியலைக் கேட்டால், கனம் இருந்தே ஆகவேண்டுமென்றால் மடியிலேயே இருக்கட்டும் என்றுதான் சொல்லும். அந்த அம்மாவின் சுருக்குப்பை இருந்த இடம் அதுதான்.

இனி என் முப்பது இட்லி. அறுபது கிலோ ஆள் சமதளத்தில் 65 கி.மீ. நடக்க ஏறத்தாழ 3,000 கலோரி செலவாகும். ஒன்பது கிலோ பைக்காக மட்டும் இன்னும் 450. அதாவது பையைச் சுமப்பதற்கே ஏழெட்டு இட்லி! ஆவியில் வெந்த இட்லியில் பெரும்பகுதி தண்ணீர். இட்லியாகவே 3,000 கலோரி வேண்டுமானால் ஐம்பது அறுபது சுமக்க வேண்டும், இரண்டு கிலோவுக்குக் குறையாது. வேர்க்கடலையில் அதே ஆற்றல் அரைக்கிலோ சொச்சத்தில் அடங்கிவிடுகிறது.

கடலை என்றால் திண்டிவனத்துக்காரர்கள் கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொள்ளலாம். இங்குள்ள எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் 1940-ல் வெளியிட்ட டி.எம்.வி. 2 ரகம் இன்னும் பல மாநில வயல்களில் இருக்கிறது. டி.எம்.வி. என்பது திண்டிவனத்தின் சுருக்கம்தான். வறுத்த கடலை, வெல்லம், அவல் இருந்தால் போதும். சோறு வேண்டுமென்றால் கட்டுச்சோறாகப் புளிசாதம். புளியின் அமிலத்தில் கிருமிகள் எளிதில் பெருகாது, மேலே எண்ணெய்க் காப்பும் உண்டு. என் இட்லி மறுநாள் காலையில் நூல்விட்டுப் போயிருந்தது.

உண்மையான சுமை தண்ணீர்தான். இதமான இரவிலும் மணிக்கு அரை லிட்டர் வியர்க்கும், வெயிலில் ஒரு லிட்டரும் போகும். பதினாறு மணி நேர நடைக்கு எட்டு லிட்டர், அதாவது எட்டு கிலோ. எவராலும் முதுகில் கட்டி முடியாத இந்தச் சுமையைச் சாலை சுமக்கிறது. வழியெல்லாம் தண்ணீர்ப் பந்தல், மோர்ப் பந்தல், அன்னதானம். என்னைக் கேட்டால், குறைந்த சுமையில் நடப்பதற்கு நம் ஊரில் கண்டுபிடித்த மிகப் பெரிய உத்தி பந்தல்தான். மோரில் போடும் உப்பிலும் விஷயம் இருக்கிறது. வியர்வையோடு சோடியமும் போகிறது, வெறும் தண்ணீரையே குடம் குடமாகக் குடித்தால் இரத்தத்தில் அது நீர்த்துவிடும். 2002 பாஸ்டன் மாரத்தானில் ஓடி முடித்த 488 பேரின் இரத்தத்தைப் பார்த்தபோது 13 சதவீதம் பேருக்குச் சோடியம் அளவுக்குக் கீழே இறங்கியிருந்தது. உப்புப் போட்ட நீர்மோரில் அந்தக் குறை கொஞ்சம் குறைவு.

கார்த்திகை மாதம் கிளம்புகிறவர்களுக்குத் தண்ணீர் வேறு விதத்தில் சுமையாகும். 2024 டிசம்பர் 1 அன்று ஃபெஞ்சல் புயலில் மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது. விழுப்புரம் மாவட்டமே வெள்ளக்காடானது. அந்த ஆண்டு தீபம் டிசம்பர் 13-ல் வந்தது. நனைந்த பருத்தி வேட்டி தன் எடைக்கு மேல் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும், விட மனசு வராது. பாலியஸ்டர் இழை தண்ணீரை உள்ளே இழுப்பதே இல்லை எனலாம். ஆகவே மழைக்காலத்தில் மாற்றுத்துணி ஒன்று போதும், அது பாலியஸ்டராக இருக்கட்டும், பாலித்தீன் உறைக்குள். குடைக்குப் பதில் உரச்சாக்கு. நடவு வயலில் பெண்கள் அதை முக்காடுபோல் மடித்துத் தலையில் போட்டுக்கொள்வார்களே, அதேதான். இரண்டு கையும் சும்மா இருக்கும்.

வெயில் காலத்தில் இதே பருத்தி நண்பனாகிவிடுகிறது. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகும்போது சுமார் 580 கலோரி வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. தலையில் போட்ட ஈரத்துண்டு அந்த வேலையைத்தான் செய்கிறது, மின்சாரம் இல்லாமல். அதே துண்டு இரவில் விரிப்பு, குளித்தால் துவட்ட, சும்மாடு வேண்டுமானால் சும்மாடு. நூற்றைம்பது கிராம்கூட வராது.

செஞ்சி தாண்டி ஒரு மோர்ப் பந்தலில் கம்பளியை இறக்கி வைத்தேன். "அண்ணே, திரும்பி வரும்போது வாங்கிக்கிறேன்" என்றேன். மோர் ஊற்றிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "அதுக்கென்னா, வச்சிட்டுப் போ" என்றார். புத்தகத்தையும் அதன்மேல் வைத்தேன். கீழ்பென்னாத்தூரை நெருங்கும்போது விடிந்திருந்தது, மலை தெரிந்தது. கிரிவலம் பதினாலு கிலோமீட்டரையும் சுற்றி முடித்து மறுநாள் பேருந்தில் திரும்பினேன். ஜன்னலோரம் உட்கார்ந்து அந்த இடத்தைத் தேடினேன். பந்தலைப் பிரித்திருந்தார்கள். நான்கு கழிக் குழிகளும், மோர் சிந்திக் காய்ந்த தரையும் மட்டும் இருந்தன.