ஊருக்கு ஒரு நிதி, வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு கணக்கு

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் எக்செல் புரோகிராமைத் திறந்து பார்ப்பார்கள். "இந்தக் கட்டங்களை வைத்துக்கொண்டு நாம் என்ன செய்வது? இதெல்லாம் ஆபீசுக்குத்தான்" என்று மூடிவிடுவார்கள். வீட்டு பட்ஜெட் போடலாமே என்று நாம் சொன்னாலும் யாரும் போடுவதில்லை. (நானும் போட்டதில்லை.) ஆனால் ஒரு ஊரே இந்தக் கட்டங்களை நம்பி நிற்கும் சமயம் ஒன்று உண்டு. புயலோ வெள்ளமோ அடித்து ஓய்ந்தபின் ஊருக்காகப் பணம் திரட்டும் சமயம்தான் அது.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் 24 மணி நேரத்தில் 51 சென்டிமீட்டர் மழை. டிசம்பர் 2 அதிகாலையில் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1,68,000 கன அடி தண்ணீர் திறந்துவிடப்பட்டது. தென்பெண்ணைக் கரையில் இருக்கும் மணலூர்பேட்டை, திருக்கோவிலூர் எல்லாம் எங்கள் கள்ளக்குறிச்சி மாவட்டம். நான் வடக்கனந்தல்காரன். எங்களுக்குத் தென்பெண்ணை தூரம், கோமுகிதான் பக்கம். கல்வராயன் மலையில் பெய்யும் மழை கோமுகி அணைக்கு வரும். அணையின் உயரம் 46 அடி. மலையில் விடாமல் கொட்டினால் உபரி நீரைத் திறந்துதான் ஆக வேண்டும். அந்த மாதிரி நாட்களில் சென்னையிலும் பெங்களூரிலும் வேலை பார்க்கும் ஊர்க்காரர்கள் ஒருவருக்கொருவர் போனில் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: "பணம் தர்றேன். யாருக்கு அனுப்பறது?"

அரசுக்கு அனுப்பலாம். முதலமைச்சர் பொது நிவாரண நிதிக்கு ஆன்லைனில் பணம் கட்ட முடியும். பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு அந்தத் தொகை முழுவதற்கும் வரிச் சலுகை உண்டு. பிறகு எதற்குத் தனியாக ஒரு நிதி?

ஃபெஞ்சலுக்குப் பிறகு தமிழக அரசு அறிவித்ததைப் பாருங்கள். விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சி மாவட்டங்களில் பாதிக்கப்பட்ட ரேஷன் கார்டு குடும்பங்களுக்கு 2,000 ரூபாய். சேதமான குடிசைக்கு 10,000 ரூபாய். 33 சதவீதமும் அதற்கு மேலும் சேதமான நெற்பயிருக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய். அரசு இப்படித்தான் கொடுக்க முடியும். கார்டு, பட்டா, கணக்கெடுப்பு என்று ஏதாவது ஒரு காகிதம் அதற்கு வேண்டும். வாய்வார்த்தைக் குத்தகைக்கு மரவள்ளி போட்டவரிடம் அந்தக் காகிதம் இல்லை. மலையில் பட்டா இல்லாத நிலத்தை உழுகிறவரிடமும் இல்லை. தையல் மிஷினும் டீக்கடை பாய்லரும் எந்தப் பட்டியலிலும் வராது. ஊர் நிதி போய்ச் சேர வேண்டியது இவர்களுக்குத்தான். இவர்கள் யார் யார் என்று ஊர்க்காரர்களுக்குத்தான் தெரியும்.

இது நடக்கிற காரியமா? நடந்திருக்கிறது. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் டெல்டாவைப் புரட்டிப் போட்டது. பேராவூரணி பக்கம் நாடியம் கிராமத்தைச் சேர்ந்த நிமல் ராகவன் துபாயில் சாப்ட்வேர் வேலையில் இருந்தவர். நண்பர்களோடு நிவாரண வேலையில் இறங்கியவர் அதோடு நிற்கவில்லை. 2019இல் அந்தப் பகுதி இளைஞர்களும் விவசாயிகளும் சேர்ந்த கைஃபா அமைப்பு, 564 ஏக்கர் பரப்புள்ள பேராவூரணிப் பெரிய குளத்தை மக்கள் பணத்தில் தூர் வாரியது. அடுத்தடுத்த ஏரிகளுக்கும் பணம் வந்தது. முதல் குளத்துக்குக் கொடுத்த பணம் எங்கே போனது என்று கொடுத்தவர்கள் கண்ணால் பார்க்க முடிந்ததும் அதற்கு ஒரு காரணம் என்பது என் கணிப்பு.

பணம் வாங்குவது இன்று சுலபம். க்யூ.ஆர். கோடு ஒன்றை வாட்ஸ்அப்பில் போட்டால் போதும், ஒரு மணி நேரத்தில் வரத் தொடங்கிவிடும். அந்தச் சுலபத்தில்தான் ஆபத்தும் இருக்கிறது. 2020 மார்ச்சில் பி.எம். கேர்ஸ் நிதி அறிவிக்கப்பட்டதும், கேர்ஸ் என்பதில் கடைசி 'எஸ்' எழுத்தை மட்டும் விட்டுவிட்டு ஒரு போலி யு.பி.ஐ. முகவரியை யாரோ உருவாக்கிவிட்டார்கள். டெல்லி போலீஸ் கண்டுபிடித்து அதை முடக்க வைத்தது. நாடறிந்த நிதிக்கே இந்தக் கதி. ஆகவே பணம் அனுப்பச் சொல்லும்போது, திரையில் தெரிய வேண்டிய கணக்குப் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். "இந்தப் பெயர் வரவில்லை என்றால் அனுப்பாதீர்கள்" என்று ஒரு வரி போதும்.

எந்தக் கணக்கில் வாங்குவது? உங்கள் சொந்த சேமிப்புக் கணக்கில் வேண்டாம். உறவினர் அல்லாதவர்கள் தரும் தொகை ஒரு நிதியாண்டில் 50,000 ரூபாயைத் தாண்டினால் முழுத் தொகையும் உங்கள் வருமானமாகி வரி வந்து நிற்கும். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975இன்படி ஏழு பேர் சேர்ந்து சங்கம் பதிவு செய்யலாம். ஆனால் தண்ணீர் ஊருக்குள் நிற்கும்போது பதிவு அலுவலகத்துக்கு யார் போவது? ஏற்கெனவே பதிவான முன்னாள் மாணவர் சங்கமோ விவசாயிகள் சங்கமோ இருந்தால் அதன் கணக்கைக் கேளுங்கள். இரண்டு பேர் கையெழுத்துப் போட்டால்தான் பணம் எடுக்க முடியும் என்றிருப்பது நல்லது. வெளிநாட்டுச் சொந்தங்கள் விஷயத்தில் கவனம் தேவை. இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சம்பாத்தியத்திலிருந்து அனுப்பலாம். அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர் அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை. அதை வாங்க மத்திய அரசின் அனுமதி வேண்டும்.

இனி எக்செலுக்கு வருவோம். கூகுள் ஷீட்ஸில் செய்தால் இன்னும் வசதி. இலவசம், எல்லோரும் பார்க்கலாம். புதிய ஷீட்டில் முதல் வரிசையில் இந்தத் தலைப்புகளை டைப் செய்யுங்கள்: தேதி, வரவா செலவா, தொகை, யு.பி.ஐ. எண், விவரம். வியூ மெனுவில் ஃப்ரீஸ் கொடுத்து முதல் வரிசையை நிறுத்திவிட்டால், கீழே எவ்வளவு தூரம் போனாலும் தலைப்பு மேலேயே நிற்கும். தமிழில் எழுதும்போது யூனிகோடில்தான் டைப் செய்ய வேண்டும். பழைய எழுத்துருக்களில் அடித்தால் மற்றவர் செல்போனில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும்.

இந்தப் பட்டியலில் உயிரான இடம் யு.பி.ஐ. எண்தான். ஒவ்வொரு பணப் பரிமாற்றத்துக்கும் 12 இலக்க எண் ஒன்று வரும். அது அனுப்பியவர் போனிலும் இருக்கும், உங்கள் வங்கி ஸ்டேட்மென்ட்டிலும் இருக்கும். அதன் கடைசி நான்கு இலக்கங்களைத் தொகைக்குப் பக்கத்தில் போட்டுவிட்டால், பெயர் வெளியே தெரிய விரும்பாதவரும் தன் 200 ரூபாயை அவரே தேடிக் கண்டுபிடிக்கலாம். கன்ட்ரோல் கீயோடு எஃப் தட்டினால் போதும். முழு எண்ணையும் உங்களுக்கென்று தனி பைலில் வையுங்கள். அங்கே ஒரு சிக்கல் வரும். எக்செலில் 12 இலக்க எண்ணை அடித்தால் அது சுருக்கி, நடுவில் 'ஈ' எழுத்தைப் போட்டுக் காட்டும். எண் பூஜ்யத்தில் தொடங்கினால் பூஜ்யத்தையே விழுங்கிவிடும். அந்த நெடுவரிசை முழுவதையும் தேர்வு செய்து, பார்மட் செல்ஸ் பகுதியில் டெக்ஸ்ட் என்று மாற்றிவிட்டுப் பிறகு டைப் செய்யுங்கள். நான்கு இலக்கத்துக்கும் இதே வைத்தியம்தான்.

ஆளாளுக்குத் தெரிய ஒரு பட்டியல் போட்டால் பணம் வருமா என்று கேட்பவர்களுக்கு ஒரு பழைய கதை. அமெரிக்காவில் சுதந்திர தேவி சிலைக்குப் பீடம் கட்டப் பணம் இல்லாமல் நின்றபோது, 1885இல் ஜோசப் புலிட்சர் தன் பத்திரிகையில் நிதி திரட்டினார். எவ்வளவு சிறிய தொகை கொடுத்தாலும் பெயர் அச்சாகும் என்றார். ஒரு லட்சம் பேருக்கு மேல் கொடுத்தார்கள். பெரும்பாலானோர் கொடுத்தது ஒரு டாலருக்கும் குறைவு.

ஷீட் தயாரானதும் ஷேர் பட்டனைக் கிளிக் செய்து, லிங்க் உள்ள எவரும் பார்க்கலாம் என்பதைத் தேர்ந்தெடுத்து, பக்கத்தில் வியூவர் என்று இருக்கிறதா எனப் பாருங்கள். எடிட்டர் என்றிருந்தால் யார் வேண்டுமானாலும் கணக்கை மாற்றிவிடலாம். எடிட்டர் உரிமை இரண்டு, மூன்று பேருக்கு மட்டும் இருக்கட்டும். அவர்களில் யார் எப்போது எதை மாற்றினார்கள் என்பதை பைல் மெனுவில் வெர்ஷன் ஹிஸ்டரி காட்டிக் கொடுத்துவிடும். வீட்டு மளிகை நோட்டில் இந்த வசதி கிடையாது.

உதவி பெறுகிறவர்களின் பெயர், போன், ஆதார் எண் எதுவும் இந்த ஷீட்டில் வரக்கூடாது. "குத்தகை விவசாயி, விதைக்கு, 4,000" என்றால் போதும். ஹைட் செய்துவிட்டால் தெரியாது என்று நினைக்காதீர்கள். பைலைத் தன் கணக்குக்குக் காப்பி எடுத்துக்கொண்டு மறைத்த ஷீட்டை யாரும் திறந்து பார்க்கலாம். அந்த விவரம் தனி பைலில், ஷேர் செய்யாமல் இருக்கட்டும். நாளை பேங்கிலோ ஆடிட்டரோ கேட்டால் காட்ட அது வேண்டும்.

கூட்டல் போட வேண்டிய செல்லில் வைத்துக்கொண்டு, ஆங்கில 'எம்' எழுத்தைச் சாய்த்தது போலிருக்கும் ஆட்டோசம் பட்டனைத் தட்டுங்கள். வரவு, செலவு இரண்டையும் தனித்தனியே கூட்டுங்கள். கழித்து வரும் மீதியும் பேங்க் பாஸ்புக் மீதியும் தினமும் ராத்திரி ஒத்துப்போக வேண்டும். ரொக்கமாகக் கொடுத்தவர்களுக்கு ரசீது எழுதி, ரசீது எண்ணை யு.பி.ஐ. எண் இருக்கும் இடத்தில் போடுங்கள்.

ஸ்மார்ட்போன் இல்லாத பெரியவர்களும் பணம் கொடுத்திருப்பார்கள். வாரம் ஒருமுறை பேஜ் லேஅவுட் பகுதியில் லேண்ட்ஸ்கேப் தேர்ந்தெடுத்து, எழுத்தை 14 பாயிண்ட் வைத்து பிரிண்ட் எடுத்து, ரேஷன் கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டு அந்தச் சுவரில் ஒட்டிவிடுங்கள். மழைக்காலம் என்பதால் மேலே ஒரு பிளாஸ்டிக் கவர்.