ஆர்னிக்கா: ஒரு மலைப் புல்வெளி மலரும் அதனைக் காக்கும் உழைப்பும்

எமது நாட்டில் ஹோமியோபதி மருத்துவரை நாடியவர்களுக்கு ஆர்னிக்கா என்னும் பெயர் புதியதன்று. விழுந்து அடிபட்டவருக்கும் தசைநோவுற்றவருக்கும் கொடுக்கப்படும் சிறு வெண்ணிறக் குளிகைகளின் பெயராகவும், தலைமயிர் எண்ணெய்ப் போத்தல்களின் மேல் அச்சிடப்படும் பெயராகவும் அது தென்னாசியாவெங்கும் பரவியுள்ளது. ஆயினும் அப்பெயருக்குரிய செடியை எமது வேலிகளிலோ மலைச்சாரல்களிலோ காண இயலாது. அது ஐரோப்பிய மலைப் புல்வெளிகளுக்குரிய ஒரு பூண்டு. போத்தலில் பெயராக மட்டும் எம்மை வந்தடையும் இச்செடியின் தாவரவியல் இயல்பையும், அம்மலைவாழ் மக்களிடையே அது பெற்றிருந்த பயன்பாட்டையும் விளக்குவது இக்கட்டுரையின் முதல் நோக்கமாகும். காட்டுமலர் என்று வழங்கப்படும் இது உண்மையில் எவருடைய உழைப்பினால் நிலைத்து நிற்கின்றது என்ற வினாவை எழுப்புவது அதன் இரண்டாவது நோக்கமாகும்.

செடியின் இயல்பு

ஆர்னிக்கா மொன்ரானா என்னும் இருசொற்பெயரை இச்செடிக்கு இட்டவர் சுவீடன் நாட்டுத் தாவரவியலாளர் லின்னேயசு ஆவார். 1753ஆம் ஆண்டில் வெளிவந்த அவரது தாவர இனங்கள் பற்றிய பெருநூலில் அது இடம்பெற்றது. 'மொன்ரானா' என்பது மலைக்குரியது எனப் பொருள்படும் இலத்தீன் சொல். சூரியகாந்தியும் செவ்வந்தியும் அடங்கும் அசுற்றரேசியே குடும்பத்தைச் சேர்ந்தது இது. ஆர்னிக்காச் சாதியில் ஏறத்தாழ முப்பது இனங்கள் உள. அவற்றுட் பெரும்பாலானவை வட அமெரிக்காவின் மேற்குப் பகுதிக்குரியவை. மருத்துவப் புகழ் பெற்ற மொன்ரானா இனமோ ஐரோப்பாவுக்கே உரியது. போர்த்துக்கல், ஸ்பெயின் முதல் அல்ப்ஸ், கார்ப்பேதியன் மலைகள் வரையும், வடக்கே தென் ஸ்கந்தினேவியா வரையும் அது பரவியுள்ளது.

இது நிலத்தடி வேர்த்தண்டினால் ஆண்டுதோறும் புத்துயிர் பெறும் பல்லாண்டுப் பூண்டாகும். பனி உருகியபின் நிலத்தோடு ஒட்டிப் படிந்த இலைக்கொத்து ஒன்று தோன்றுகின்றது. கோடையில் அதன் நடுவிலிருந்து 20 முதல் 60 சதமமீற்றர் வரை உயரமான, சுரப்பி மயிர்கள் அடர்ந்த தண்டு எழுகின்றது. அத்தண்டில் ஓரிரு சோடி இலைகள் மட்டும் எதிரெதிராக அமைந்திருக்கும். எதிரிலை ஒழுங்கு ஐரோப்பாவில் இக்குடும்பத்துச் செடிகளிற் பொதுவாகக் காணப்படாத ஒன்றாகையால் ஆர்னிக்காவை இனங்காண்பதற்கு இது நல்ல அடையாளமாகும். தண்டின் நுனியில் செம்மை கலந்த மஞ்சள் நிறமான ஒரு பெரிய தலையுருப் பூந்துணர் மலர்கின்றது. அதன் கீழே இரு பக்கங்களிலும் சிறியவை இரண்டு மலர்வதும் உண்டு. நாம் ஒரு பூ என்று கருதுவது, ஓரத்தில் நாவடிவான கதிர்ச் சின்னப்பூக்களும் நடுவில் குழாய்வடிவான தட்டுச் சின்னப்பூக்களும் நெருங்கி அமைந்த ஒரு தொகுதியே ஆகும்.

இச்செடி தன் மகரந்தத்தைத் தானே ஏற்பதில்லை. பிறிதொரு செடியின் மகரந்தத்தைப் பூச்சிகள் கொண்டுவந்து சேர்த்தால்தான் நல்விதை உண்டாகும். விதையின் முடியில் மயிர்க்குஞ்சம் இருப்பினும், பெரும்பாலான விதைகள் தாய்ச்செடிக்குச் சில மீற்றர் தூரத்துக்குள்ளேயே விழுகின்றன. விழுந்த விதை நெடுங்காலம் மண்ணில் உறங்கிக் கிடப்பதுமில்லை. விரைவில் முளைக்கவேண்டும், அன்றேல் அழியவேண்டும். ஓரிடத்திலிருந்து முற்றாக மறைந்த ஆர்னிக்கா அங்கு தானாகத் திரும்பி வருதல் அரிது என்பது இதிலிருந்து பெறப்படும்.

வறிய மண்ணும் வெட்டப்படும் புல்லும்

ஆர்னிக்கா வாழும் மண் வளமற்ற மண். சுண்ணாம்பு குறைந்த, அமிலத்தன்மையுள்ள, நைதரசனும் பொசுபரசும் அருகிய நிலத்தையே அது நாடுகின்றது. இதனை வறுமையின்பால் கொண்ட விருப்பம் என விளங்கிக்கொள்ளுதல் தவறாகும். நிலத்தோடு படிந்த இலைக்கொத்து ஒளிக்காக உயர்ந்து போட்டியிட முடியாதது. வளமான மண்ணில் உயரமான புற்கள் செழித்து அதனை மூடிவிடுகின்றன. வறிய மண்ணில் அப்புற்களால் அவ்வாறு செழிக்க இயலாது. வலியவர் ஒதுங்கிய நிலமே இச்செடிக்கு வாழ்விடமாகியது என்று கூறலாம்.

மர எல்லைக்கு மேலுள்ள உயர் அல்ப்ஸ் பகுதிகளில் இயற்கையே அத்தகைய திறந்த வெளியை அமைத்துத் தருகின்றது. ஆனால், அதற்குக் கீழே ஆர்னிக்கா வளரும் புல்வெளிகளிற் பெரும்பாலானவை இயற்கை தந்தவையல்ல. அவை ஒருகாலத்தில் காடுகளாயிருந்தன. மலைக்கமக்காரர் தலைமுறை தலைமுறையாக மரங்களை அகற்றி, மாடுகளையும் ஆடுகளையும் மேய்த்து, ஆண்டுக்கொரு முறை நீண்ட பிடியுடைய அரிவாளால் புல்லை வெட்டி உலர்த்தி, மாரிகாலத் தீவனமாக வீட்டுக்குக் கொண்டுசென்றனர். வீட்டை அண்டிய நிலத்துக்கே எரு போதுமானதாயிருந்தது. தொலைவிலுள்ள புல்வெளியிலிருந்து அவர்கள் புல்லை எடுத்தனரேயன்றி எருவைத் திருப்பி இடவில்லை. ஆண்டுதோறும் புல்லோடு மண்ணின் சத்தும் வெளியேறியது. இவ்வாறு வறியதாக்கப்பட்ட நிலத்தில், பூத்து விதை முதிர்ந்தபின் புல் வெட்டப்பட்ட ஒழுங்கில், ஆர்னிக்கா பெருகியது. அதனை எவரும் விதைக்கவில்லை என்பது உண்மை. ஆயினும் மனித உழைப்பின்றி அது அங்கு நிலைத்ததுமில்லை.

மக்கள் வழக்கில் ஆர்னிக்கா

மலைவாழ் மக்கள் இப்பூவை மதுசாரத்தில் ஊறவைத்து வடித்த சாற்றை வீட்டில் வைத்திருந்தனர். சுளுக்கு, கன்றிய காயம், வீக்கம், மூட்டுநோவு ஆகியவற்றுக்கு அதனைத் துணியில் நனைத்து மேற்பூச்சாக இட்டனர். மரம் வெட்டுவோரும் சுமை தூக்குவோரும் செங்குத்தான சரிவில் புல் வெட்டுவோரும் வாழ்ந்த சமூகத்தில் இத்தகைய மருந்து முதன்மை பெற்றதில் வியப்பில்லை. தொழிலின் தன்மையே மருந்தின் தேவையையும் தீர்மானித்தது.

பிரெஞ்சு மக்கள் இதனை 'மலைப் புகையிலை' என வழங்கினர். உலர்ந்த இலையைப் புகைத்தமையும் தூளாக்கி மூக்கில் இட்டமையும் அப்பெயருக்குக் காரணமாயின. தும்மலை உண்டாக்கும் மூலிகை என்ற பெயரும் அதற்குண்டு. ஜேர்மன் மொழி வழங்கும் சில பகுதிகளில், யூன் 24ஆம் திகதி வரும் புனித யோவான் திருநாளையொட்டி இம்மலரைப் பறித்து, றை தானிய வயல்களின் ஓரங்களில் நட்டு வைத்தனர். விளைச்சலைக் கவர்ந்து செல்வதாக நம்பப்பட்ட தீய ஆவியிடமிருந்து பயிரைக் காத்தல் இதன் நோக்கம். ஆண்டின் மிக நீண்ட பகற்பொழுதுக் காலத்தில் சூரியனைப் போன்று மலரும் ஒரு பூவிடம் காவற்பொறுப்பை ஒப்படைத்த இந்நம்பிக்கையை, விளைச்சல் தவறினால் பட்டினி என்ற நிலையில் வாழ்ந்த மக்களின் அச்சத்தோடு சேர்த்தே நோக்குதல் வேண்டும்.

மரபு அறிவும் அறிவியற் சோதனையும்

மரபு வழக்கை முற்றாகப் போற்றுவதும் முற்றாகத் தள்ளுவதும் ஆய்வாளருக்கு உகந்த வழிகளல்ல. ஆர்னிக்காப் பூவில் எலனலின், டைஐதரோஎலனலின் ஆகியவற்றின் எசுத்தர்கள் உள்ளன. இவை செசுக்குவிரேப்பீன் லக்ரோன்கள் எனப்படும் சேர்வை வகையைச் சேர்ந்தவை. உடற்கலங்களில் அழற்சியைத் தூண்டும் பரம்பரையலகுகளை இயக்கும் என்.எவ். கப்பா பி என்னும் புரதத்தின் செயலை எலனலின் தடுக்கின்றது என்பது 1990களின் பிற்பகுதியில் ஜேர்மனியில் நிகழ்ந்த ஆய்வுகளால் தெளிவாகியது. 2007ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட ஓர் ஆய்வில், கைமூட்டுத் தேய்வினால் வருந்திய 204 நோயாளரிடையே ஆர்னிக்காக் களிம்பும் இபுபுரோபென் களிம்பும் ஒப்பிடப்பட்டன. மூன்று வாரங்களின் பின் நோவு தணிவதிலும் கைத்தொழிற்பாட்டிலும் இரண்டுக்குமிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. மேற்பூச்சாக இட்ட மக்களின் அனுபவத்துக்கு இவ்வகையில் ஓரளவு ஆதாரம் கிடைத்துள்ளது.

அதே எலனலின் நஞ்சுமாகும். ஆர்னிக்காவை உட்கொண்டால் வயிற்றுக் குடலழற்சியும் இதயத் தொழிற்பாட்டுக் கோளாறும் ஏற்படக்கூடும். திறந்த புண்ணில் இடுதல் கூடாது. சிலருக்குத் தோல் ஒவ்வாமையும் உண்டாகும். எனவேதான் 1984இல் ஜேர்மனியின் மூலிகை மருந்து மதிப்பீட்டுக் குழு புறப்பயன்பாட்டை மட்டுமே ஏற்றுக்கொண்டது. ஹோமியோபதிக் குளிகைகள் வேறொரு வகையின. உயர்ந்த ஐதாக்கலின் பின் அவற்றில் மூலச்செடியின் பொருள் ஏதும் எஞ்சுவதில்லை. ஆகையால் அவை நஞ்சாவதில்லை. ஆயின் அவை வெற்றுக் குளிகைகளைவிட மேலான பயன் தருகின்றன என்பதை 1998இல் வெளிவந்த தொகுப்பாய்வு உறுதிப்படுத்தவில்லை. மலைக்கமக்காரர் பயன்படுத்திய சாறும், எமது கடைகளில் விற்கப்படும் குளிகையும் பெயரால் ஒன்றாயினும் பொருளால் ஒன்றல்ல என்பதை நாம் மறத்தலாகாது.

அழிவின் காரணங்கள்

பல பகுதிகளில், சிறப்பாகத் தாழ்நிலங்களில், ஆர்னிக்கா அருகிவிட்டது. ஐரோப்பியச் சமூகம் 1992ஆம் ஆண்டில் வெளியிட்ட வாழிடப் பணிப்புரையின் ஐந்தாம் இணைப்பில் இச்செடி சேர்க்கப்பட்டது. பறித்தலையும் விற்றலையும் அரசுகள் முறைப்படுத்தலாம் என்பதே அதன் பொருள். பூப் பறிப்போரே அழிவுக்குக் காரணம் என்ற எண்ணம் பரவலாக உண்டு. அளவுமீறிய பறிப்பு விதையைக் குறைக்கும் என்பதும், வேருடன் முழுச்செடியையும் பிடுங்குதல் அதனினும் கேடானது என்பதும் உண்மையே. ஆயினும் அடிப்படைக் காரணங்கள் வேறு.

முதலாவது, பசளை. இரசாயனப் பசளையும் சுண்ணாம்பும் இடப்பட்ட புல்வெளியில் தீவனப் புல் பெருகுகின்றது. ஆர்னிக்கா மூடப்பட்டு மறைகின்றது. கால்நடைப் பண்ணைகளிலிருந்து எழும் அமோனியா காற்றின் வழியாக வந்து படிந்தும் மண்ணை மாற்றுகின்றது. நெதர்லாந்தின் புதர்வெளிகளில் ஆர்னிக்கா குன்றியமைக்கு இத்தகைய படிவும் மண் அமிலமாதலும் காரணங்களெனக் காட்டப்பட்டுள்ளன. இரண்டாவது, கைவிடுதல். செங்குத்தான சரிவில் கையால் புல் வெட்டுவது வருவாய் தராத தொழிலாகியதும், இளையோர் நகரங்களை நோக்கிச் சென்றனர். வெட்டப்படாத புல்வெளியைப் புதரும் பின்னர் காடும் மூடுகின்றன. ஒன்று அளவுமீறிய உற்பத்தி, மற்றது உற்பத்தியின் நிறுத்தம். எதிரெதிரானவைபோல் தோன்றும் இவ்விரண்டும் சிறு கமக்காரனின் பழைய உற்பத்தி முறை சந்தையில் நிலைகொள்ள முடியாமற்போன ஒரே நிகழ்வின் இரு முகங்களாகும்.

இதனால், பறித்தலைத் தடைசெய்யும் சட்டம் மட்டும் இச்செடியைக் காக்கப் போதாது. வேலியடைத்து மனிதரை வெளியேற்றிய புல்வெளியில் சில ஆண்டுகளில் மலரும் வெளியேறிவிடும்.

அபுசேனி மலைகளின் அனுபவம்

ருமேனியாவின் அபுசேனி மலைகளில் உள்ள கார்டா டி சுஸ் என்னும் ஊரை அண்டிய புல்வெளிகள் ஆர்னிக்காவுக்குப் பேர்பெற்றவை. அங்கு மக்கள் பூவைப் பறித்து விற்றனர். ஈரப்பூவாக விற்றமையால் கிடைத்த விலை சொற்பம். மதிப்பைக் கூட்டும் வேலையெல்லாம் பிற இடங்களில் நிகழ்ந்தது. 2004 முதல் 2007 வரை அங்கு செயற்பட்ட ஒரு திட்டத்தில் உலக வனசீவராசிகள் நிதியமும் ஆய்வாளரும் ஊர்மக்களோடு இணைந்தனர். புல்வெளிகளில் ஆர்னிக்காவின் அளவு கணிக்கப்பட்டது. ஒரு பகுதிப் பூக்களை விதைக்காக விட்டுப் பறிக்கும் முறை பயிற்றப்பட்டது. பூவை ஊரிலேயே உலர்த்துவதற்கு வழி செய்யப்பட்டது. உலர்ந்த பூவுக்குக் கூடிய விலை கிடைத்தால் புல்வெளியைத் தொடர்ந்து வெட்டிப் பேணுவதற்குக் கமக்காரனுக்கு ஒரு காரணம் இருக்கும் என்பதே இதன் அடிப்படைக் கருத்து.

பிரான்சின் வோஜ் மலைகளிலுள்ள மார்க்ஸ்டைன் பகுதியிலும் 2007இல் நில உரிமையுள்ள ஊராட்சிகள், கமக்காரர், பறிப்போர், மருந்து நிறுவனங்கள் ஆகியோரிடையே ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது. பசளையும் சுண்ணாம்பும் இடாது புல்வெளியைப் பேணுதல் அதன் உள்ளடக்கத்தில் முதன்மையானது. இத்தகைய ஏற்பாடுகள் குறைபாடற்றவையல்ல. மருந்து நிறுவனங்கள் பயிரிடப்பட்ட ஆர்னிக்காவையும், வட அமெரிக்க இனமான ஆர்னிக்கா சமிசோனிசையும் நாடக்கூடும். அவ்வாறு கேள்வி குறைந்தால் மலைப்பூவின் விலை வீழும். விலை வீழ்ந்தால் அரிவாள் ஓயும். அரிவாள் ஓய்ந்தால் புல்வெளி மறையும். சந்தையை மட்டும் நம்பிய பாதுகாப்பு சந்தையோடு சேர்ந்து தளர்வது இயல்பே. புல்வெளியைப் பேணும் உழைப்புக்கு, பூவின் விலையிலிருந்து வேறான ஓர் ஊதியமும் தேவை என்பது இதன் வழி புலனாகும்.

முடிவாக, ஆர்னிக்காவைப் பற்றிய அறிவு மூன்று இடங்களில் சிதறிக் கிடக்கின்றது. அதன் வேதியியலை ஆய்வுகூடம் அறியும். விலையை வணிகன் அறிவான். எந்தச் சரிவில் எந்த வாரத்தில் புல் வெட்டவேண்டும் என்பதைக் கமக்காரன் அறிவான். முதலிரண்டும் நூல்களிலும் கணக்கேடுகளிலும் பதிவாகியுள்ளன. மூன்றாவது அறிவோ அதனைச் செய்வோரின் கைகளில் மட்டுமே உள்ளது. கைவிடப்படும் புல்வெளியோடு அதுவும் மறையும். மூலிகைகளைப் பற்றி ஆராய்வோர் செடியின் பெயரையும் குணத்தையும் தொகுப்பதோடு அமையாது, அச்செடி வாழும் நிலத்தைப் பேணுவோர் யார், அவர்களுக்குக் கிடைப்பது என்ன என்பதையும் தமது ஆய்வில் சேர்த்தல் வேண்டும் என்பது எமது கருத்தாகும்.