உங்கள் வீட்டுப் பட்டா யார் பெயரில் இருக்கிறது?

ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பெட்டி உண்டு. சில வீடுகளில் அது பழைய தகரப் பெட்டி. சில வீடுகளில் அலமாரியின் மேல்தட்டில் துணியில் சுற்றி வைக்கப்பட்ட காகிதக் கட்டு. பாட்டனார் வாங்கிய மனையின் கிரயப் பத்திரம் அதில் இருக்கும். மஞ்சளாகிப் போன தீர்வை ரசீதுகள் இருக்கும். வாப்பா அயல்நாட்டில் உழைத்து அனுப்பிய பணத்தில் வாங்கிய தோப்பின் பத்திரமும் இருக்கும். அதன் சாவி குடும்பத்தில் ஒருவரிடம் மட்டுமே இருக்கும். உள்ளே என்ன இருக்கிறதென்று மற்றவர்கள் கேட்பதில்லை. கேட்பது மரியாதைக் குறைவு என்று கருதுகிறார்கள். பெண்மக்கள் கேட்டுவிட்டாலோ, 'இப்போதே பங்கு கேட்கிறாளா?' என்ற பேச்சு எழுந்துவிடுகிறது.

அன்பிற்குரிய வாசகர்களே! அந்தப் பெட்டிக்கு இன்று இன்னொரு சாவி வந்திருக்கிறது. உங்கள் கையிலிருக்கும் அலைபேசியே அது. உங்கள் குடும்பத்தின் நிலம் அரசின் ஏட்டில் யார் பெயரில் உள்ளது, அதன் பரப்பு எவ்வளவு, அதன்மேல் எந்தெந்தப் பத்திரங்கள் பதிவாகியுள்ளன என்பவற்றை வீட்டில் இருந்தபடியே பார்க்க முடியும். பார்ப்பதற்கு யாருடைய தயவும் வேண்டியதில்லை. ஆயினும், திரையில் தெரிவது எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்பதை அறியாமல் பார்த்தால் பயனுக்குப் பதில் குழப்பமே மிஞ்சும். ஆகவே அதைச் சற்று விரிவாகக் காண்போம்.

இரு துறைகள், இரு ஏடுகள்

தமிழ்நாட்டில் ஒரு நிலத்தைப் பற்றிய செய்திகள் இரண்டு துறைகளிடம் உள்ளன. ஒன்று வருவாய்த்துறை, மற்றொன்று பதிவுத்துறை. பட்டா, 'அ' பதிவேடு, நிலத்தின் எல்லைகளைக் காட்டும் புலப்படம் ஆகியவை வருவாய்த்துறையைச் சேர்ந்தவை. கிரயம், தானம், பாகப்பிரிவினை, விடுதலை முதலான பத்திரங்களைப் பதிந்து வைப்பது பதிவுத்துறை. இந்த இரண்டையும் ஒன்றென எண்ணி ஏமாறுவோர் பலர்.

பட்டாவைப் பார்க்க, நில ஆவணங்களுக்கான தமிழ்நாடு அரசின் மின்சேவை இணையதளத்திற்குச் செல்ல வேண்டும். மாவட்டம், வட்டம், கிராமம் ஆகியவற்றைத் தேர்ந்தெடுத்து, பட்டா எண்ணையோ புல எண்ணையோ உட்பிரிவு எண்ணோடு கொடுத்தால், உரிமையாளர் பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், நன்செய் புன்செய் வகை, பரப்பு, தீர்வை ஆகியவை திரையில் தோன்றும். நகர்ப்புற மனையாயின் நகர நில அளவைப் பதிவேட்டில் பார்க்க வேண்டும்.

பரப்பைக் கண்டு சிலர் திடுக்கிடுவதுண்டு. 'நாற்பது சென்ட் நிலம் பதினாறாகக் குறைந்துவிட்டதே!' என்று பதறுவர். பதற வேண்டாம். பழைய பத்திரங்களில் ஏக்கரும் சென்ட்டும் இருக்கும்; பட்டாவில் ஹெக்டேரும் ஏரும் இருக்கும். ஒரு ஹெக்டேர் என்பது 100 ஏர். ஓர் ஏர் என்பது ஏறத்தாழ 2.47 சென்ட். எனவே 40 சென்ட் நிலம் பட்டாவில் ஏறத்தாழ 16 ஏர் என்றே காணப்படும்.

பெயரைக் கொண்டு தேடுவோர் இன்னொன்றையும் நினைவிற்கொள்ள வேண்டும். நம் பெயர்கள் அரசு ஏடுகளில் பலவாறாக எழுதப்பட்டுள்ளன. முஹம்மது, முகமது, முகம்மது என்று ஒரே மனிதர் மூன்று ஏடுகளில் மூன்று விதமாக இருப்பார். ஆதலால் பத்திரத்தில் உள்ள புல எண்ணைக் கொண்டு தேடுவதே உறுதியான வழி. பெயர் வேறுபாடு கண்ணில் பட்டால் அதைக் குறித்து வைத்துக்கொண்டு, உரியவர் உயிரோடு இருக்கும்போதே திருத்திக்கொள்வது நன்று. அவர் மறைந்தபின் 'இவரே அவர்' என்று மெய்ப்பிப்பது பெரும்பாடு.

வில்லங்கச் சான்று

பதிவுத்துறையின் இணையதளம் 'டிஎன்ரெஜிநெட்' என்று அழைக்கப்படுகிறது. இதில் வில்லங்க விவரங்களைக் கட்டணமின்றிப் பார்வையிடலாம். சார்பதிவாளர் அலுவலகம், கிராமம், புல எண், கால அளவு ஆகியவற்றைக் கொடுத்தால், அந்தக் காலத்தில் அந்நிலத்தைப் பொறுத்துப் பதிவான பத்திரங்கள் வரிசையாக வரும். எழுதிக் கொடுத்தவர் யார், எழுதி வாங்கியவர் யார், பத்திர எண் என்ன, நாள் என்ன என்பன அதில் இருக்கும். பொதுவாக 1975ஆம் ஆண்டிலிருந்து உள்ள பதிவுகளை இணையத்தில் காணலாம். அதற்கு முற்பட்ட காலத்திற்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுச் செய்ய வேண்டும்.

'பிறருடைய பத்திர விவரத்தை நாம் பார்க்கலாமா?' என்று சிலர் தயங்குவர். 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டத்தின் 57ஆம் பிரிவு, அசையாச் சொத்துப் பத்திரங்கள் பதியப்படும் முதலாம் புத்தகத்தை மனுச் செய்யும் எவரும் கட்டணம் செலுத்திப் பார்வையிடலாம், நகலும் பெறலாம் என்கிறது. இணையம் வருவதற்கு நெடுங்காலம் முன்பே இந்த ஏடு திறந்தேதான் இருந்தது. அலுவலக வாசலில் நாள் முழுதும் காத்திருந்து பெற வேண்டியதை இப்போது வீட்டிலிருந்து பெறுகிறோம், அதுவே வேறுபாடு. அதற்காக அண்டை வீட்டாரின் சொத்தையும், சம்பந்தி வீட்டாரின் சொத்தையும் துருவிக்கொண்டிருப்பது தகாது. பிறர் குறைகளைத் துருவித் துருவி ஆராய்வதை நம் மார்க்கம் தடுத்துள்ளது. வாங்கப்போகும் நிலத்தையும் நமக்கு உரிமையுள்ள நிலத்தையும் பார்ப்பதே முறை.

திரை சொல்லாதவை

இனி முக்கியமான செய்திக்கு வருவோம்.

முதலாவது, பட்டா என்பது சொத்துரிமையை உண்டாக்கும் ஆவணம் அன்று. வருவாய்த்துறை தன் கணக்கிற்காக வைத்துள்ள பதிவு அது. பட்டாவில் பெயர் இருப்பதாலேயே ஒருவர் முழு உரிமையாளர் ஆகிவிடமாட்டார். பெயர் விடுபட்டதாலேயே ஒருவர் தம் பங்கை இழந்துவிடவும் மாட்டார். நீதிமன்றங்கள் பலமுறை இதைத் தெளிவுபடுத்தியுள்ளன. தமிழ்நாட்டில் 1979 முதல் 1987 வரை நில உடைமைப் பதிவேடுகள் புதுப்பிக்கப்பட்டன. அப்போது நேர்ந்த பெயர்ப் பிழைகளும் பரப்புப் பிழைகளும் இன்றளவும் பல குடும்பங்களைத் தொல்லைப்படுத்துகின்றன. கணினியில் ஏறிவிட்டதால் பிழை சரியாகிவிடாது. பிழையும் கணினியில் ஏறியிருக்கும்.

இரண்டாவது, வில்லங்கச் சான்று பதிவான பத்திரங்களை மட்டுமே காட்டும். ஒருவர் வஃபாத்தானவுடன் அவருடைய வாரிசுகளுக்குப் பங்குரிமை உண்டாகிவிடுகிறது. அதற்குப் பத்திரம் எழுதப்படுவதில்லை. ஆகவே வில்லங்கச் சான்றில் அதன் சுவடே இராது. 'வில்லங்கம் ஒன்றுமில்லை' என்று தாளில் வந்திருக்கும். ஆனால் மூன்று சகோதரிகளின் பங்கு அந்நிலத்தில் உயிரோடு இருக்கும்.

மூன்றாவது, ஹிபா. முஸ்லிம் சட்டப்படி கொடுப்பவர் அறிவித்து, பெறுபவர் ஏற்று, சொத்தும் அவர் கைக்கு ஒப்படைக்கப்பட்டால் வாய்மொழி ஹிபா செல்லும். அதைப் பதிவுசெய்தே தீர வேண்டும் என்பதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2011ஆம் ஆண்டில் தீர்ப்பளித்துள்ளது. ஆனால் பதியப்படாத ஹிபாவை எந்த இணையதளமும் அறியாது. உம்மா தம் மகளுக்கு வீட்டின் ஒரு பகுதியை ஹிபாவாகக் கொடுத்ததற்குச் சாட்சி சொன்ன பெரியவர்கள் மறைந்துவிட்டால், அம்மகள் எதைக் காட்டுவாள்? கடனைக்கூட எழுதிக்கொள்ளுமாறு கட்டளையிடும் வசனமே திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் என்பதை நாம் அறிவோம். கடனுக்கே இத்துணைக் கவனம் வேண்டுமென்றால், வீட்டிற்கும் நிலத்திற்கும் எத்துணைக் கவனம் வேண்டும்!

ஒரு கணக்கு

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். ஒருவர் 40 சென்ட் நிலத்தை விட்டு மறைகிறார். கடனும் வஸிய்யத்தும் இல்லை. அவருடைய பெற்றோர் முன்பே காலமாகிவிட்டனர். மனைவியும், இரு ஆண்மக்களும், ஒரு பெண்ணும் இருக்கின்றனர். மனைவிக்கு எட்டில் ஒரு பங்கு. அதாவது 5 சென்ட். எஞ்சிய 35 சென்ட்டில் ஒவ்வோர் ஆண்மகனுக்கும் 14 சென்ட். மகளுக்கு 7 சென்ட். இது இறைவன் வகுத்த கணக்கு.

அரசின் ஏட்டில் என்ன நடக்கும்? யாரும் விண்ணப்பிக்காதவரை பட்டா மறைந்தவர் பெயரிலேயே ஆண்டுக்கணக்கில் நின்றிருக்கும். வாரிசுச் சான்றிதழை வட்டாட்சியர் வழங்குவார்; இ-சேவை மையம் வழியாக அதற்கு விண்ணப்பிக்கலாம். அதில் வாரிசுகளின் பெயர்கள் இருக்குமேயன்றி, யாருக்கு எத்தனை பங்கு என்பது இராது. இந்நிலையில் மூத்தவர் ஒருவர் தம் பெயருக்கு மட்டும் பட்டாவை மாற்றிக்கொண்டால் என்ன ஆகும்? உம்மாவின் 5 சென்ட்டும் மகளின் 7 சென்ட்டும் சட்டத்தில் இருக்கும்; ஏட்டில் இரா. நெடுங்காலம் கழித்து அந்நிலம் விற்கப்படும்போதுதான் செய்தி வெளிவரும். அதன்பின் வழக்கு, வாய்தா, முகம் பாராமை.

இவ்வளவும் தீய எண்ணத்தால் மட்டுமே நடப்பதில்லை. 'அலைய ஆள் இல்லை, என் பெயரில் இருக்கட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று தொடங்கியதும் அடுத்த தலைமுறையில் பகையாக முடிகிறது.

செய்ய வேண்டியவை

பெரியவர்கள் நலமுடன் இருக்கும்போதே ஒரு விடுமுறை நாளில் குடும்பத்தார் கூடி அமருங்கள். மகள்களும் மருமகள்களும் அந்த அமர்வில் இருக்கட்டும். பெட்டியிலுள்ள ஒவ்வொரு பத்திரத்தையும் எடுத்து, அதன் புல எண்ணை ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். ஒவ்வோர் எண்ணுக்கும் பட்டாவையும் வில்லங்க விவரத்தையும் பாருங்கள். உட்பிரிவு ஆனபின் எண் மாறியிருக்கலாம். எனவே பழைய எண்ணிலும் புதிய எண்ணிலும் தேடுங்கள். பத்திரத்தின் பரப்பும் பட்டாவின் பரப்பும் ஒத்திருக்கின்றனவா என்று நோக்குங்கள்.

வாரிசுரிமை பிறந்துவிட்ட சொத்தாயின், எல்லா வாரிசுகளின் பெயரையும் சேர்த்துக் கூட்டுப் பட்டாவிற்கு விண்ணப்பியுங்கள். பிரித்துக்கொள்வதாயின் பாகப்பிரிவினையைப் பதிவுசெய்யுங்கள். பட்டா முறைகேடாக மாற்றப்பட்டிருந்தால் வருவாய்க் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம். உரிமையே மறுக்கப்பட்டால் உரிமையியல் நீதிமன்றந்தான் தீர்வு சொல்ல வேண்டும். சகோதரிகளே! விடுதலைப் பத்திரத்தில் கையொப்பமிடச் சொன்னால், அது எந்தப் புல எண், எத்தனை சென்ட், அதற்கு ஈடாக என்ன என்பதைப் படித்தறிந்தபின் முடிவெடுங்கள். மனமுவந்து விட்டுக்கொடுப்பது உங்கள் பெருந்தன்மை. அறியாமல் இழப்பது அப்படியன்று.

தேடும் ஆவணம் இணையத்தில் இல்லையெனில் அத்தோடு விட்டுவிடாதீர்கள். தமிழ்நாடு 1997ஆம் ஆண்டிலேயே தகவல் உரிமைக்கெனத் தனிச் சட்டம் இயற்றிய மாநிலம். இப்போது நடப்பில் உள்ள 2005ஆம் ஆண்டின் மத்தியச் சட்டப்படி, பத்து ரூபாய்க் கட்டணத்தில் பொதுத் தகவல் அலுவலருக்கு விண்ணப்பித்தால் 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். தராவிட்டால் அதே துறையின் மேல்முறையீட்டு அலுவலரிடமும், பின்னர் மாநிலத் தகவல் ஆணையத்திடமும் முறையிடலாம்.

கட்டணம் செலுத்தும் முன்னர், இணையதள முகவரி 'கவ்.இன்' என்று முடிகிறதா என்று பாருங்கள். அரசுத் தளம் போலத் தோன்றும் போலித் தளங்களும் உண்டு. அலைபேசிக்கு வரும் ஒருமுறைக் கடவுச்சொல்லை எவரிடமும் கூறாதீர்கள்.

ஜமாஅத் பொறுப்பாளர்களுக்கு ஒரு சொல். பள்ளிவாசல், கபரஸ்தான், மதரஸா நிலங்களின் புல எண்களையும் இவ்வாறே பாருங்கள். வக்ஃபு நிலம் 'அ' பதிவேட்டில் எவ்வகையாகக் குறிக்கப்பட்டுள்ளது, புறம்போக்கு என்று உள்ளதா என்பதை ஊரார் அறிந்திருக்க வேண்டும். 2025 ஏப்ரல் 8 அன்று வக்ஃபு திருத்தச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. வக்ஃபு சொத்துகளின் விவரங்களை ஏற்றுவதற்கென மத்திய அரசின் 'உமீத்' இணையதளம் 2025 ஜூன் 6 அன்று தொடங்கப்பட்டது. மூல ஆவணமும் வருவாய் ஏடும் கைவசம் இல்லாத ஜமாஅத் இனி மிகவும் இடர்ப்படும்.

வாசகர்களே! பிள்ளைகளுக்கு நிலத்தை விட்டுச் செல்லும் பெற்றோர் பலர். அந்நிலம் பற்றிய தெளிவையும் சேர்த்து விட்டுச் செல்வோர் சிலரே. இன்றிரவு உணவுக்குப்பின் உங்கள் பிள்ளையிடம் அலைபேசியைக் கொடுத்து, ஒரே ஒரு புல எண்ணைத் தேடச் சொல்லுங்கள். திரையில் யார் பெயர் வருகிறதென்று எல்லோரும் சேர்ந்து பாருங்கள். வரவேண்டிய பெயர் அதில் இல்லையென்றால், அதைச் சேர்க்க வேண்டிய கடமை அந்த நிமிடமே தொடங்கிவிடுகிறது.